விமான மைல்கள்: வளைகுடா செல்வோர் கவனத்திற்கு

பெரியபாளையம், கும்மிடிப்பூண்டி பகுதிகளிலிருந்து சென்னை வழியாக வளைகுடா செல்லும் நம் சகோதரர்கள் டிக்கெட் விலையை நாலு இடத்தில் விசாரிக்கிறார்கள். பயணத்தில் சேரும் மைல்களைப் பற்றிக் கேட்பவர் குறைவு. உறுப்பினராகக் கட்டணம் எதுவும் இல்லை.

எமிரேட்ஸின் ஸ்கைவார்ட்ஸ், கத்தார் ஏர்வேஸின் பிரிவிலேஜ் கிளப் இரண்டையும் ஒப்பிடும்போது நாம் முதலில் பார்க்க வேண்டியது காலாவதி விதியைத்தான். ஸ்கைவார்ட்ஸில் மைல்களுக்கு ஆயுள் சுமார் 3 ஆண்டுகள். இடையில் மீண்டும் பறந்தாலும் சாதாரண உறுப்பினரின் பழைய மைல்களுக்கு அது நீளாது. கத்தாரின் ஏவியோஸ் புள்ளிகளோ, 36 மாதங்களுக்குள் ஒருமுறை சேர்த்தாலும் செலவழித்தாலும் அப்படியே தொடரும். இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை விடுப்பில் வருபவருக்கு இதுவே ஏற்றது என்பது நம் கருத்து. குடும்பத்தோடு அடிக்கடி துபாய் போய் வருபவருக்கு ஸ்கைவார்ட்ஸ் நல்லது. குடும்பத்தார் மைல்களை ஒன்றாகச் சேர்க்கலாம், ஃபிளைதுபாயில் பறந்தாலும் கணக்கில் ஏறும்.

விஸ்தாராவில் புள்ளிகள் வைத்திருந்தவர்கள், 2024 நவம்பர் இணைப்புக்குப் பின் ஏர் இந்தியா கணக்கில் பார்க்க வேண்டும். அதன் இன்றைய பெயர் மகாராஜா கிளப்.

உம்ரா குழு டிக்கெட்டுகளுக்குப் பல நிறுவனங்கள் மைல் தருவதில்லை. பணம் கட்டும் முன்பே ஏஜென்டிடம் கேளுங்கள். 'இலவச' டிக்கெட்டுக்கும் வரியை நாம்தான் கட்ட வேண்டும். மைலுக்காக கிரெடிட் கார்டு வாங்கி வட்டியில் மாட்டிக்கொள்வது வேறு விஷயம், அது ஹராம்.

கணக்கில் உங்கள் பெயர் பாஸ்போர்ட்டில் உள்ளபடியே இருக்கட்டும். இனிஷியல் மாறினாலும் மைல் ஏறாமல் போகலாம். ஏறும் வரை போர்டிங் பாஸைத் தூக்கி எறியாதீர்கள்.