பாட்டன் பெயர் கேட்ட தேசம்

துறைமுக மனிதர்கள்: வரலாற்றுத் தொடர்

1957 ஒக்டோபர் 15. திருகோணமலைக் கடற்படைத் தளத்தைப் பிரித்தானியர் இலங்கையிடம் ஒப்படைத்தார்கள். 1795இல் ஒல்லாந்தரிடமிருந்து கோட்டையைப் பிடித்த நாள் தொட்டு இந்தத் துறைமுகத்தின்மேல் அவர்களுக்கு இருந்த பிடி அன்றோடு விட்டுப்போனது. எஸ். டபிள்யூ. ஆர். டி. பண்டாரநாயக்கவின் அரசு பேசிப் பெற்ற வெற்றி அது. 1948இல் கிடைத்த சுதந்திரத்தின் மீதிப் பங்கும் வந்து சேர்ந்ததென்று நாடு மகிழ்ந்தது. மகிழ்ந்ததில் நியாயமும் இருந்தது.

ஆனால் ஒரு துறைமுகம் கைமாறும்போது அதை நம்பியிருந்த வீடுகளும் ஆட்டம் காணும். டொக்யாட்டின் பட்டறைகளும் களஞ்சியங்களும் கணக்கு அறைகளும் தமிழர், சிங்களவர், முஸ்லிம்கள், மலையாளிகள், பறங்கியர் என்று பல சமூகத்தாருக்குச் சோறு போட்டவை. 'இனி எங்கே?' என்ற கேள்வி எல்லா வீட்டிலும் எழுந்தது. பறங்கியர் வீடுகளில் அந்தக் கேள்விக்கு 'அவுஸ்திரேலியா' என்று ஒரு பதில் இருந்தது. அந்தப் பதில் எல்லாப் பறங்கியருக்கும் வாய்க்கவில்லை. போக விரும்பியவர் எல்லோரும் போகவில்லை. போகத் தகுதியான தொழில் கையில் இருந்தவர் எல்லோரும்கூடப் போகவில்லை. பாட்டனுக்குப் பாட்டன் பெயர் எந்த ஏட்டில் எழுதப்பட்டிருந்தது என்பதே பலருடைய பயணத்தைத் தீர்மானித்தது. இந்த வாரம் அந்தக் கதையைப் பார்ப்போம்.

ஒரே பெயர், இரண்டு வழி

பறங்கியர் என்று ஒரே பெயரால் அழைத்தாலும் அவர்கள் ஒரே வழி வந்தவர்கள் அல்லர். 1622இல் போர்த்துக்கேயர் கோணேசர் ஆலயத்தை இடித்தார்கள். அதன் கற்களைக் கொண்டே கோட்டை எழுப்பினார்கள். 1639இல் அந்தக் கோட்டை ஒல்லாந்தர் கைக்குப் போனது. 1658இல் யாழ்ப்பாணமும் விழ, இலங்கையில் போர்த்துக்கேய ஆட்சி முடிந்தது. ஆட்சி போனாலும் அவர்கள் வழிவந்த குடும்பங்கள் இங்கேயே நின்றன. உள்ளூரில் பெண்ணெடுத்து, பெண்கொடுத்து, கத்தோலிக்க சமயத்தையும் தங்கள் வீட்டுப் பேச்சையும் விடாமல் வைத்துக்கொண்டன. தச்சு, கொல்லு, சப்பாத்துத் தைத்தல் முதலிய கைத்தொழில்கள் அவர்களுடைய பிழைப்பாயின.

அடுத்து வந்தவர்கள் ஒல்லாந்துக் கிழக்கிந்தியக் கம்பனியின் ஊழியர்கள். கம்பனி ஒல்லாந்துக்காரரை மட்டும் வேலைக்கு எடுக்கவில்லை. ஜேர்மனியரும் பிரெஞ்சுக்காரரும் வேறு ஐரோப்பியரும் அதன் கப்பல்களில் வந்தார்கள். 1796இல் கம்பனியின் ஆட்சி முடிந்தபோது பலர் பத்தாவியாவுக்கு (இன்றைய ஜகார்த்தா) புறப்பட்டார்கள். மற்றவர்கள் தங்கினார்கள். தங்கியவர்களின் பிள்ளைகள் வெகு சீக்கிரம் ஆங்கிலம் படித்து, பிரித்தானிய ஆட்சியின் எழுதுவினைஞர்களாகவும் சட்டத்தரணிகளாகவும் வைத்தியர்களாகவும் புகையிரதம், தபால், சுங்கம் ஆகிய திணைக்களங்களின் முதுகெலும்பாகவும் ஆனார்கள்.

எழுத்தில் இப்படி இரண்டாகப் பிரிக்கலாம். வாழ்க்கையில் அந்தக் கோடு அவ்வளவு நேராக ஓடவில்லை. ஒல்லாந்தர் காலத்திலேயே அவர்கள் வீட்டுக்குள் பேசிய மொழி பெரும்பாலும் போர்த்துக்கேயக் கிரியோல்தான். கிழக்குக் கரையில் அந்தக் கிரியோலைப் பேசிய கத்தோலிக்கத் தச்சர் குடும்பங்களுக்குள் ஒல்லாந்து வழிப் பெயர்களும் உண்டு. கோட்டைத் தெளிவாக இழுத்தது பிற்காலத்துக் காகிதம்.

1956க்குப் பிறகு

1956ஆம் ஆண்டின் 33ஆம் இலக்க அரசகரும மொழிச் சட்டம் சிங்களத்தை மட்டும் அரச மொழியாக்கியது. தமிழருக்கு அது என்ன செய்தது என்பதை இந்த வாசகர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. பறங்கியருக்கோ அது வேறொரு வகையில் விழுந்த அடி. தமிழருக்கு ஊரும் வயலும் கோயிலும் சொந்த மொழியில் பள்ளிக்கூடமும் இருந்தன. ஆங்கிலத்தையே வீட்டு மொழியாகவும் அலுவலக மொழியாகவும் கொண்டிருந்த ஒரு சிறு சமூகத்துக்கு அரச உத்தியோகம்தான் நிலம், அதுதான் வயல். கந்தோரில் இருபது வருடம் வேலை பார்த்தவர் சிங்களப் பரீட்சைக்கு உட்கார வேண்டும், அல்லது ஓய்வு பெற வேண்டும். பிள்ளைகள் எந்த மொழியில் படிப்பார்கள், எந்தக் கதவைத் தட்டுவார்கள் என்ற கவலை இரவுச் சாப்பாட்டு மேசைக்கு வந்து உட்கார்ந்தது. திருகோணமலையில் அடுத்த ஆண்டே தளமும் போனது.

மூதாதையரின் நாடு ஒல்லாந்து. அங்கே போவதைப் பற்றி மிகச் சிலரே யோசித்தார்கள். அந்த மொழி பேச்சிலிருந்து மறைந்து தலைமுறைகள் கடந்திருந்தன. ஆங்கிலம் பேசும் நாடு வேண்டும், வேலை வேண்டும், கொழும்பிலிருந்து கப்பலில் போகும் வழி வேண்டும். அவுஸ்திரேலியாவில் மூன்றும் இருந்தன. ஆனால் அதன் வாசலில் வெள்ளையர் அவுஸ்திரேலியா என்ற கொள்கை நின்றது. கலப்பு வழி வந்தவர் உள்ளே போக வேண்டுமானால், ஐரோப்பிய இரத்தம் நூற்றுக்கு எழுபத்தைந்து பங்கு இருப்பதைக் காட்ட வேண்டும். தோற்றத்திலும் ஐரோப்பியராக இருக்க வேண்டும்.

ஏட்டில் இருந்த பாட்டன்

நூற்றுக்கு எழுபத்தைந்தை ஒருவர் எப்படிக் காட்டுவார்? இந்த இடத்தில்தான் கொழும்பிலிருந்த ஒல்லாந்துப் பறங்கியர் சங்கம் உள்ளே வருகிறது. 1908இல் அது தொடங்கப்பட்டபோது முன்னின்றவர் ஆர். ஜி. அந்தோனிஸ். அரசாங்கச் சுவடிக்கூடத்தின் பொறுப்பாளராக இருந்தவர், ஒல்லாந்தர் கால ஆவணங்களை வரி வரியாக அறிந்தவர். சங்கத்தின் சஞ்சிகை குடும்ப வழிமரபுகளைத் தொடர்ந்து அச்சிட்டது. டி. வி. அல்தென்டோர்ஃப் என்பவர் அந்த வழிமரபுகளில் பெருந்தொகையானவற்றைத் தொகுத்துக் கொடுத்தார்.

அந்தப் பக்கங்களில் ஒன்றை எடுத்து வாசித்தால் அதன் அமைப்பு உடனே பிடிபடும். ரோமன் எண் ஒன்றில் தொடங்கும். ஐரோப்பாவில் இன்ன ஊரில் பிறந்தவர், இன்ன ஆண்டில் இன்ன கப்பலில் இலங்கைக்கு வந்தார், கம்பனியில் இன்ன பதவி, கொழும்பு வூல்பெண்டால் தேவாலயத்தில் இன்ன திகதியில் இன்னார் மகளை மணந்தார் என்று போகும். அதன் கீழே பிள்ளைகளின் வரிசை. பிறகு ரோமன் எண் இரண்டு, மூன்று, நான்கு. கடைசியில் விண்ணப்பக்காரரின் தகப்பனோ அவரேயோ வந்து நிற்பார். இந்தத் தகவல்களின் ஊற்று தேவாலயப் பதிவேடுகளும் ஒல்லாந்தர் எழுதி வைத்த தோம்புகளும். நிலத்துக்கு வரி வாங்கவும் பள்ளிப் பிள்ளைகளைக் கணக்கெடுக்கவும் எழுதப்பட்ட ஏடுகள் இருநூறு ஆண்டு கழித்துக் கப்பல் சீட்டுக்கு ஆதாரமாயின.

சங்கத்தின் வரையறை தகப்பன் வழியைப் பார்த்தது. ஐரோப்பாவிலிருந்து வந்த கம்பனி ஊழியர் ஒருவரின் ஆண்வழியில் வந்திருக்க வேண்டும் என்பது அடிப்படை. தாய்வழியில் எத்தனை தமிழ்ப் பாட்டிமார், சிங்களப் பாட்டிமார் இருந்தார்கள் என்பது அந்த வழிமரபு மரத்தில் தெரியாது. தொடர்ந்து அச்சாகி வந்த சஞ்சிகை, தன் மூதாதையரைப் பற்றி அறியும் பெருமைக்காகத் தொடங்கப்பட்டது. 1950களில் அதுவே வெளியேறும் உரிமைக்கான அத்தாட்சியாக மாறும் என்று அந்தோனிஸ் நினைத்திருக்க இடமில்லை; அவர் 1930இலேயே காலமாகிவிட்டார்.

அடுத்தது நேர்முகம். அவுஸ்திரேலிய அதிகாரி எதிரில் உட்கார்ந்து நிறத்தையும் முகத்தையும் பார்ப்பார். பேச்சையும் பழக்கவழக்கத்தையும் பார்ப்பார். ஒரே தாய் வயிற்றில் பிறந்த பிள்ளைகளில் ஒருவர் வெளுப்பாகவும் மற்றவர் கறுப்பாகவும் இருப்பது நம் எந்த வீட்டிலும் நடக்கிற சங்கதி. அந்த மேசையின் முன்னால் அது ஒரு குடும்பத்தை இரண்டாக்கும் சங்கதியாகிவிடக்கூடும். பாட்டன் யார் என்று கேட்பதாவது காகிதத்தோடு நிற்கும். நிறத்தைப் பார்த்துப் பிள்ளைகளைத் தரம் பிரிப்பது மனிதரை அவமதிப்பது. அதை அன்று பல நாடுகள் வெட்கமின்றிச் செய்தன.

அனுமதி வந்துவிட்டால் வீடு காலியாகத் தொடங்கும். அலுமாரி, கட்டில், பியானோ, சாய்வு நாற்காலி எல்லாம் ஏலத்துக்கோ அயலவருக்கோ போகும். 1953ஆம் ஆண்டின் செலாவணிக் கட்டுப்பாட்டுச் சட்டம் காசை நாட்டுக்கு வெளியே கொண்டுபோவதற்கு அணை போட்டிருந்தது. ஆகவே வாழ்நாள் சேமிப்பைக் கையில் எடுத்துக்கொண்டு போக முடியாது. வீடு விற்ற காசும் பெரும்பாலும் இங்கேயே நிற்கும். கொண்டுபோக முடிந்தவை உடுதுணி, புகைப்படங்கள், வேதாகமம், சமையல் குறிப்புகள். இன்று மெல்பேர்ணில் நத்தாருக்கு லவ் கேக்கும் புரூடரும் செய்யப்படுவது அந்தப் பெட்டிகளின் புண்ணியம்.

பாலையூற்றில் நின்றவர்கள்

திருகோணமலை லிங்கநகரிலிருந்து சைக்கிளில் போய்வரக்கூடிய தூரத்தில்தான் பாலையூற்று இருக்கிறது. லூர்து அன்னை திருத்தலத்தால் பலருக்கும் தெரிந்த இடம். அங்கே இன்றும் போர்த்துக்கேய வழிப் பறங்கியர் குடும்பங்கள் வாழ்கின்றன. கொழும்புச் சங்கத்தின் மரங்களில் இவர்களுக்குக் கிளை இல்லை. தச்சனும் கொல்லனும் சப்பாத்துத் தைப்பவரும் எழுதி வைத்த குடும்ப வரலாறு கிடையாது. இருந்ததெல்லாம் கோயிற்பற்றின் ஞானஸ்நானப் பதிவுகள். வெள்ளையர் அவுஸ்திரேலியாவின் மேசைக்கு அவை போதவில்லை. தோற்றம் என்ற இரண்டாம் கேள்விக்கும் இவர்களில் பலரிடம் அதிகாரி விரும்பிய பதில் இருக்கவில்லை.

இவர்கள் நின்றதால் இலங்கைக்குக் கிடைத்தது பெரிது. போர்த்துக்கேய ஆட்சி முடிந்து முந்நூற்றறுபது ஆண்டுகள் கடந்தும் மட்டக்களப்பிலும் திருகோணமலையிலும் அந்தக் கிரியோல் பேசப்படுகிறது. 1970களில் மட்டக்களப்பில் அதை ஆராய்ந்த மொழியியலாளர் இயன் ஸ்மித், தமிழின் வாக்கிய ஒழுங்கு அதற்குள் எவ்வளவு ஆழமாக இறங்கியிருக்கிறது என்று விளக்கினார். வினைச்சொல் நம் வாக்கியத்தில் போலவே கடைசியில் வந்து நிற்கிறது. கலியாண வீட்டில் வயலினோடும் றபானோடும் கபரிஞ்ஞா ஆடுவது இன்னும் ஒழிந்துபோகவில்லை. போரும் 2004 ஆழிப்பேரலையும் இவர்களைக் கடுமையாக அடித்தன. மட்டக்களப்பின் டச்பார் கிராமம் அலையில் இழந்த உயிர்கள் அந்தச் சிறு சமூகத்துக்குத் தாங்க முடியாத இழப்பு. அதற்குப் பிறகும் அவர்கள் இங்கே இருக்கிறார்கள்.

குடிசன மதிப்பீட்டைப் பாருங்கள். 1946இல் பறங்கியரும் யூரேசியருமாக ஏறத்தாழ 42 ஆயிரம் பேர். அன்று நாட்டின் சனத்தொகை 66 இலட்சம். 1981இல் நாடு ஒரு கோடியே 48 இலட்சமாகப் பெருகியபோது பறங்கியர் 39 ஆயிரமளவுக்குச் சுருங்கியிருந்தார்கள். எல்லோரும் இரட்டித்த காலத்தில் ஒரு சமூகம் குறைந்தது என்றால், ஒரு தலைமுறைக்குரிய ஆட்கள் கப்பலேறிவிட்டார்கள் என்று பொருள்.

இதே காலத்தில் வேறு துறைமுகங்களில்

பாட்டன் வழியைக் கொண்டு ஒரு தேசத்தின் கதவு திறந்ததும் மூடியதும் இங்கே மட்டும் நடந்ததல்ல. 1950 யூலை 5இல் இஸ்ரேல் தன் திரும்பிவரும் உரிமைச் சட்டத்தை நிறைவேற்றியது. உலகில் எங்கிருக்கும் யூதரும் அங்கே குடியேறலாம் என்றது அது. பிரித்தானியாவில் யூத இளைஞர்கள் கிராமப்புறப் பண்ணைகளில் உழவும் எபிரேயமும் பழகிக்கொண்டு புறப்பட்டார்கள். நமக்கு அடுத்த கரையில் கொச்சி யூதர்கள் பல நூற்றாண்டு வாழ்ந்த கேரளத்தை விட்டுப் போகத் தயாரானார்கள். யானைக்கால் நோய் பரவிவிடும் என்ற அச்சத்தால் இஸ்ரேல் அதிகாரிகள் அவர்களைக் காக்க வைத்தார்கள். கொச்சி வழக்கறிஞர் ஏ. பி. சேலம் 1953இல் இஸ்ரேலுக்கே போய் அவர்களுக்காக வாதாடினார். அடுத்த சில ஆண்டுகளில் பெரும்பாலோர் போய்ச் சேர்ந்தார்கள். தென்னைக்கும் காயலுக்கும் பழகியவர்களில் ஒரு பகுதியினர் நெகேவ் வறள்நிலத்தில் நெவாதிம் என்ற ஊரில் பயிர் செய்யக் கற்றார்கள். அதே மண்ணை விட்டு 1948 போரில் வெளியேற நேர்ந்த ஏறத்தாழ ஏழு இலட்சம் பாலஸ்தீனருக்குத் திரும்பிவரும் உரிமை தரப்படவில்லை. பாட்டன் புதைந்த நிலம் கண்ணெதிரே இருந்தும் அவர்களுடைய காகிதம் செல்லாக் காகிதமாயிற்று.

அவுஸ்திரேலியா தன் கதவைக் கொஞ்சம் கொஞ்சமாகவே திறந்தது. 1966இல் விதிகள் தளர்ந்தன. 1973இல் விட்லம் அரசு இனம் பார்த்து ஆளெடுக்கும் முறைக்கு முடிவு கட்டியது. பத்து ஆண்டு கழித்து, 1983 கலவரத்துக்குப் பிறகு, மெல்பேர்ணுக்குப் போன இலங்கைத் தமிழரிடம் யாரும் ஐரோப்பியப் பாட்டனைக் கேட்கவில்லை. நம்மவர் நுழைந்த கதவு எத்தனை பேரை அவமானப்படுத்திய பிறகு திறந்தது என்பதை நாம் நினைவில் வைத்திருக்க வேண்டும்.

இதில் நமக்குள்ள பாடத்தை நேராகவே சொல்கிறேன். எழுதப்பட்ட குடும்பத்துக்குத் தெரிவு இருந்தது; எழுதப்படாத குடும்பத்துக்கு இருக்கவில்லை. உழைப்பிலோ ஒழுக்கத்திலோ இருவருக்கும் வேறுபாடு இல்லை. கைத்தொழில் செய்தவரின் பாட்டனை எழுதி வைக்க அன்று யாரும் அக்கறைப்படவில்லை, அவ்வளவுதான். பாலையூற்றுப் பெரியவர்களின் பேச்சையும் பாட்டையும் குடும்பக் கதைகளையும் இன்றைக்காவது பதிவு செய்வது இந்த மாவட்டத்தின் பள்ளிகளுக்கும் பல்கலைக்கழக வளாகத்துக்கும் உள்ள கடமை. கோயிற்பற்றுப் பதிவேடுகளை ஈரத்திலிருந்தும் கறையானிலிருந்தும் காப்பது அதைவிட அவசரமான கடமை.

அவுஸ்திரேலியா பறங்கியரிடம் உள்ளே வருவதற்குப் பாட்டன் பெயரைக் கேட்டது. 1948இல் இலங்கையே தன் மண்ணில் பிறந்தவர்களிடம், இங்கே இருப்பதற்கு அதே கேள்வியைக் கேட்டது. அந்த ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டப்படி, உன் தகப்பன் இலங்கையில் பிறந்தவரா, அல்லது பாட்டனும் பூட்டனும் இங்கே பிறந்தவர்களா என்று காட்ட வேண்டும். தேயிலைத் தோட்டத்து லயன் அறையில் பிறந்தவர்களிடம் எந்த ஏடு இருந்திருக்கும்? 1964இல் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் 9,75,000 பேரைக் கணக்கில் எடுத்து, 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் என்று பங்கிட்டு, மீதிப் பேரின் கதியைப் பிறகு பார்ப்பதென்று விட்டது. 1977 கலவரத்துக்குப் பிறகு தோட்டங்களிலிருந்து விரட்டப்பட்டவர்களில் பலர் இந்த மாவட்டத்துக்கும் வந்து குடியேறினார்கள். அவர்களுடைய கதை அடுத்த வாரம்.

(தொடரும்)