ஈட்டில் மூழ்காது காத்த வீடுகள்

கடன்பட்டவனுக்கு இரண்டு வகைத் துன்பம் உண்டு. வாங்கிய பணத்தைத் திருப்பிக் கொடுக்க இயலாமை ஒன்று. அதனை வெளியிற் சொல்ல இயலாமை மற்றொன்று. குடியிருக்கும் வீட்டையே ஈடு வைத்தவனுக்கு இவ்விரண்டும் ஒருங்கே வந்து சேர்கின்றன. தவணை தவறுந்தோறும் வீடு சிறிது சிறிதாகக் கைநழுவுகின்றது. அயலவர் கண்ணுக்கோ அது முன்போலவே நிமிர்ந்து நிற்கின்றது. ஏலம் கூறுவோன் வாசலில் வந்து நிற்கும் நாளிலேதான் ஊருக்குச் செய்தி தெரிகின்றது. அப்பொழுது உதவ வருவோர் இருந்தாலும் உதவுதற்குக் காலம் இருப்பதில்லை.

இத்தகைய துன்பம் இலட்சக்கணக்கான குடும்பங்களை ஒரே காலத்திற் பற்றிக்கொண்டால் ஓர் அரசு யாது செய்தல் வேண்டும்? கடன் கொடுத்தவனும் வாங்கியவனும் மனமொப்பி எழுதிய உறுதியில் மூன்றாமவர் தலையிடலாமா? இவ்வினாக்களுக்கு ஐக்கிய அமெரிக்கா 1933 ஆம் ஆண்டில் விடை காண நேர்ந்தது. அந்த விடையில் நிறைவும் உண்டு, குறையும் உண்டு.

அக்காலத்து அமெரிக்க ஈட்டுக் கடனின் இயல்பை முதலில் அறிதல் வேண்டும். இன்று வீட்டுக் கடன் என்றவுடன் இருபது முப்பது ஆண்டுகள் மாதந்தோறும் முதலும் வட்டியுமாகச் செலுத்தி முடிப்பதையே எண்ணுகின்றோம். 1920 ஆம் ஆண்டுகளில் வங்கிகளும் காப்புறுதி நிறுவனங்களும் கொடுத்த கடன் பெரும்பாலும் அத்தகையதன்று. மூன்று முதல் ஐந்து ஆண்டுகளே அதன் காலம். அக்காலம் முழுவதும் வட்டி மாத்திரம் செலுத்தப்படும். முடிவில் முதல் அனைத்தையும் ஒரே தடவையிற் கட்டுதல் வேண்டும். கட்டுவதற்குப் பணம் எவரிடத்தில் இருந்தது? தவணை முடிந்ததும் அதே கடனைப் புதுப்பித்துக் கொள்வதே வழக்கமாயிற்று. வீட்டின் பெறுமதியிற் பாதியளவே முதற் கடனாகக் கிடைத்தமையாற் பலர் மிகுதிக்கு உயர்ந்த வட்டியில் இரண்டாம் ஈடும் வைத்தனர். காலம் நன்றாயிருந்தவரையில் இந்த ஏற்பாட்டின் பலவீனம் எவர் கண்ணிலும் படவில்லை.

1929 ஆம் ஆண்டு ஒக்டோபரில் நியூயோர்க் பங்குச் சந்தை வீழ்ந்தது. தொடர்ந்து தொழிற்சாலைகள் மூடப்பட்டன. 1933 ஆம் ஆண்டளவில் உழைப்பாளருள் ஏறத்தாழ நால்வரில் ஒருவர் வேலையற்றிருந்தனர். வீடுகளின் விலையும் விழுந்தது. ஆயிரக்கணக்கான வங்கிகள் முறிந்தன. முறியாத வங்கிகளும் கையிலுள்ள பணத்தை இறுகப் பிடித்துக்கொண்டு, தவணை முடிந்த கடன்களைப் புதுப்பிக்க மறுத்தன. ஒழுங்காக வட்டி கட்டி வந்தவனும் ஒரே நாளில் முழு முதலையும் கொடு என்று கேட்கப்பட்டான். வேலையிழந்தவன் வட்டியையே கட்ட இயலாது திகைத்தான். 1933 ஆம் ஆண்டின் முற்பகுதியில் நாளொன்றுக்குச் சுமார் 1,000 வீடுகள் ஈட்டில் மூழ்கின. அவ்வாண்டு முழுவதும் அவ்வாறு பறிபோன நகர வீடுகள் ஏறக்குறைய இரண்டரை இலட்சம் ஆகும்.

நாட்டுப்புறத்தில் உழவரின் நிலையும் இதுவே. அங்கே துன்பம் வாய்மூடி இருக்கவில்லை. பண்ணை ஏலத்துக்கு வந்தபொழுது அயலவர் திரண்டு சென்று, குதிரையையும் கலப்பையையும் சில சதங்களுக்கே கேட்டனர். அதற்கு மேல் கேட்க வந்த அந்நியனைச் சூழ்ந்து நின்று அடக்கினர். ஏலத்தில் எடுத்த பொருளை உரியவனுக்கே திருப்பிக் கொடுத்தனர். இவை ‘சத ஏலங்கள்’ எனப் பெயர் பெற்றன. 1933 ஏப்ரலில் அயோவா மாநிலத்தின் லே மார்ஸ் நகரில், பண்ணைகளைப் பறிக்கும் கட்டளைகளிற் கையொப்பமிடேன் என்று வாக்களிக்க மறுத்த நீதிபதி ஒருவரைக் கூட்டத்தினர் நீதிமன்றத்திலிருந்து இழுத்துச் சென்று, கழுத்திற் கயிற்றை மாட்டி அச்சுறுத்தினர். அவர் உயிர் தப்பினார். எனினும் சட்டத்துக்கு அடங்கி வாழ்ந்த உழவர் இத்துணைத் தூரம் செல்லத் துணிந்தமை ஆள்வோரை உலுக்கியது.

மாநிலங்கள் முதலிற் கொடுத்தது காலம். மினசோட்டா மாநிலம் 1933 ஏப்ரலில் ஒரு சட்டம் இயற்றியது. ஏலத்தில் விற்கப்பட்ட வீட்டை மீட்டுக்கொள்வதற்கு அங்கு முன்னரே ஓராண்டுத் தவணை இருந்தது. புதிய சட்டம் அத்தவணையை நீடிக்க நீதிமன்றத்துக்கு அதிகாரம் தந்தது. நீடிப்பின் எல்லை 1935 மே மாதம். கடனாளி வெறுங்கையனாய் அங்கே இருந்துவிட இயலாது; நியாயமான வாடகைக்கு ஒத்த தொகையை மாதந்தோறும் செலுத்துதல் வேண்டும். இவ்வாறே இருபதுக்கும் மேற்பட்ட மாநிலங்கள் தத்தம் சட்டங்களை இயற்றின.

மினசோட்டாச் சட்டம் விரைவில் ஐக்கிய அமெரிக்காவின் அதியுயர் நீதிமன்றத்தை அடைந்தது. பிளெய்ஸ்டெல் வழக்கு என்று இன்றும் சட்ட மாணவர் பயில்வது அதுவே. மினியாப்பொலிஸ் நகரில் ஒரு தம்பதியர் தம் வீட்டின் சில அறைகளிற் குடியிருந்து, ஏனையவற்றை வாடகைக்கு விட்டுப் பிழைத்தனர். அவ்வீட்டை ஈடு பிடித்திருந்த சங்கமே 1932 மே மாதத்தில் நடந்த ஏலத்தில் அதனைச் சுமார் 3,700 டொலருக்கு எடுத்தது. வீட்டின் நியாயப் பெறுமதி 6,000 டொலர் என நீதிமன்றம் கண்டது. மாதம் 40 டொலர் செலுத்தி வருமாறு பணித்து மீட்புத் தவணையை நீடித்தது. ஒப்பந்தங்களின் கடப்பாட்டை மாநிலங்கள் குலைத்தலாகாது என்று அமெரிக்க அரசியலமைப்பு விதிக்கின்றது. அவ்விதியை இச்சட்டம் மீறியதா என்பதே வழக்கு.

1934 சனவரி 8 ஆம் நாள் தீர்ப்பு வந்தது. ஐந்து நீதியரசர் ஒரு பக்கம், நால்வர் மறுபக்கம். பெரும்பான்மையோர் சார்பில் எழுதிய பிரதம நீதியரசர் சார்ல்ஸ் எவன்ஸ் ஹியூஸ், நெருக்கடி புதிய அதிகாரத்தைப் படைப்பதில்லை, ஆயினும் உள்ள அதிகாரத்தைப் பயன்படுத்துதற்குரிய வேளையை அது உண்டாக்கலாம் என்று கருதினார். கடன் அழிக்கப்படவில்லை, வட்டி நிற்கவில்லை, காலம் மாத்திரமே நீண்டது என்பது அவர் காட்டிய காரணம். எதிர்த்தெழுதிய நீதியரசர் ஜோர்ஜ் சதர்லண்ட், அரசியலமைப்பின் அவ்விதியே இத்தகைய கெட்ட காலத்தில் கடனாளியின்பால் எழும் இரக்கத்தைத் தடுப்பதற்காக எழுதப்பட்டது என்று வாதித்தார். இவ்வாதத்தை எளிதில் தள்ளிவிட இயலாது. கடன் கொடுத்தவருள் முதியோரும் சிறு சேமிப்பாளரும் இருந்தனர். அவருடைய வாழ்நாட் சேமிப்பும் அந்த உறுதிகளிலேயே தங்கியிருந்தது.

காலம் கிடைத்தால் மாத்திரம் கடன் தீர்ந்துவிடுமா? வேலையற்றவனுக்கு இரண்டாண்டு தவணை கிடைத்தாலும் முடிவில் அதே முதல் அவன் முன் நிற்கும். கடனின் உருவத்தையே மாற்றுதல் வேண்டும் என்பது தெளிவாயிற்று. ஜனாதிபதி ஹூவர் 1932 யூலையில் வீட்டுக் கடன் வங்கிச் சட்டத்திற் கையொப்பமிட்டிருந்தார். அது கடன் சங்கங்களுக்குப் பணம் கிடைக்க வழி செய்தது. தத்தளித்த குடும்பத்துக்கு நேரே கைகொடுக்கவில்லை. அடுத்து வந்த ஜனாதிபதி பிராங்கிளின் ரூஸ்வெல்ட் 1933 யூன் 13 ஆம் நாள் ஒப்பமிட்ட சட்டத்தினால் ‘வீட்டுரிமையாளர் கடன் கூட்டுத்தாபனம்’ தோன்றியது.

அதன் செயல்முறை எளிமையானது. தவணை தவறிய குடும்பம் கூட்டுத்தாபனத்துக்கு விண்ணப்பம் செய்யும். கூட்டுத்தாபனம் வீட்டை மதிப்பிடும். பின்னர் ஈடு பிடித்தவருக்கு அரசின் உத்தரவாதம் பெற்ற பிணைமுறிகளைக் கொடுத்து, அவருடைய ஈட்டு உறுதியைத் தான் வாங்கிக்கொள்ளும். அன்றுதொட்டு அக்குடும்பம் கூட்டுத்தாபனத்தின் கடனாளி. புதிய கடன் வீட்டின் மதிப்பில் நூற்றுக்கு 80 வரை செல்லலாம். 14,000 டொலரைத் தாண்டலாகாது. நிலுவை வரியையும் அவசியமான பழுதுபார்ப்புச் செலவையும் அதிற் சேர்த்துக்கொள்ளலாம். வட்டி நூற்றுக்கு 5. காலம் 15 ஆண்டுகள். முதலும் வட்டியும் கலந்த ஒரே அளவான மாதத் தவணை. கடைசித் தவணையோடு கடனும் முடிந்துவிடும். வேண்டியோர் 1936 யூன் வரை வட்டியை மாத்திரம் செலுத்தவும் இடம் இருந்தது. பின்னர் 1939 இல் வட்டி நாலரையாகக் குறைக்கப்பட்டது. காலம் 25 ஆண்டுகள் வரை நீடிக்கப்பட்டது.

ஈடு பிடித்தவர் இதற்கு இசைந்தது ஏன்? அவர் கையில் இருந்தது வசூலாகாத கடன். கிடைத்ததோ அரசின் முறி. முதலில் அரசு முறிகளின் வட்டிக்கு மாத்திரமே பொறுப்பேற்றமையாற் சிலர் தயங்கினர். 1934 இல் முதலுக்கும் அரசு பொறுப்பேற்றவுடன் தயக்கம் நீங்கியது. மதிப்பீடும் தாராளமாகவே செய்யப்பட்டது. விழுந்து கிடந்த அன்றைய சந்தை விலையை மட்டும் கொள்ளாது, கட்டும் செலவையும் முன்னாளில் வந்த வாடகை வருவாயையும் சேர்த்தே மதிப்பிட்டனர். ஆகவே இத்திட்டம் காத்தது கடனாளியை மாத்திரம் அன்று, கடன் கொடுத்தவரையுங்கூட.

1936 யூன் வரையில், மூன்றே ஆண்டுகளில், ஏறக்குறைய 19 இலட்சம் விண்ணப்பங்கள் வந்தன. பத்து இலட்சத்துக்குச் சற்று மேற்பட்ட கடன்கள் வழங்கப்பட்டன. மொத்தத் தொகை ஏறத்தாழ 310 கோடி டொலர். நாட்டில் ஈட்டில் இருந்த நகர வீடுகளுள் ஐந்தில் ஒன்று இக்கூட்டுத்தாபனத்தின் கைக்கு வந்தது. கடன் பெற்றோர் சராசரியாக இரண்டாண்டுத் தவணை தவறியவர். வரியும் நிலுவை வைத்தவர். வேறெந்த வங்கியும் திரும்பிப் பார்க்க மாட்டாத கணக்குகள் அவை.

கடன் கொடுத்ததோடு கூட்டுத்தாபனத்தின் பணி முடியவில்லை. மீண்டும் தவணை தவறியோரிடம் அதன் அலுவலர் நேரிற் சென்றனர். மிரட்டுவதன் முன் விசாரித்தனர். வேலை தேட உதவுதல், ஓர் அறையை வாடகைக்கு விட யோசனை கூறுதல், கிடைக்கக்கூடிய நிவாரணப் பணத்தைச் சுட்டிக்காட்டுதல், குடும்பத்தின் வரவு செலவை ஒழுங்கு செய்தல் ஆகியன அவர்தம் கடமைகளாயின. கடனாளியின் வெட்கத்தை உடைத்து அவனைப் பேச வைத்தமை பணத்துக்கு நிகரான உதவி எனலாம்.

அவ்வாறிருந்தும் எல்லோரும் கரையேறவில்லை. கடன் பெற்ற ஐந்து குடும்பங்களுள் ஒன்றுக்கு அண்மித்த தொகையினர், சுமார் இரண்டு இலட்சம் பேர், இறுதியில் வீட்டை இழந்தனர். பறித்தவர் இம்முறை அரசின் கூட்டுத்தாபனமே. வருவாய் அடியோடு இல்லாத குடும்பத்தைக் குறைந்த வட்டியினால் மட்டும் காப்பாற்ற இயலாது என்பதை இது உணர்த்துகின்றது. விண்ணப்பித்தோரில் ஏறத்தாழப் பாதியினர் கடனே பெறவில்லை என்பதும் மறத்தற்பாலதன்று.

மற்றொரு கறையும் உண்டு. 1935 முதல் 1940 வரையில் இக்கூட்டுத்தாபனம் இருநூறுக்கும் மேற்பட்ட நகரங்களின் வரைபடங்களைத் தயாரித்தது. குடியிருப்புப் பகுதிகள் நான்கு தரமாக வகுக்கப்பட்டன. கடைத்தரப் பகுதிக்குச் சிவப்பு நிறம் தீட்டப்பட்டது. கறுப்பின மக்கள் வாழ்ந்த பகுதிகள் பெரும்பாலும் சிவப்பிலேயே அமைந்தன. கூட்டுத்தாபனத்தின் கடன்களுள் மிகப் பல இவ்வரைபடங்களுக்கு முன்னரே வழங்கப்பட்டவை. கறுப்பின மக்களும் அவற்றிற் பங்கு பெற்றனர். எனினும் 1934 இல் தோன்றிய கூட்டாட்சி வீடமைப்பு நிருவாகம் அத்தகைய பகுதிகளின் கடன்களுக்குக் காப்புறுதி அளிக்கப் பல்லாண்டுகளாக மறுத்து வந்தது. இப்பாகுபாட்டைச் சட்டம் விலக்கியது 1968 ஆம் ஆண்டிலேயே. ஒருசாராருக்கு நீட்டப்பட்ட கை மற்றொரு சாராரைக் கடந்து சென்றது என்பது வரலாறு கூறும் கசப்பான உண்மை.

1951 இல் கூட்டுத்தாபனம் தன் கணக்குகளை முடித்தபொழுது, அரசுக்கு நட்டம் வரவில்லை. சிறு மிகுதியே எஞ்சியது. அதனினும் பெரிய எச்சம், சிறுகச் சிறுகச் செலுத்தி முடிக்கும் நீண்டகால வீட்டுக் கடன் முறை அந்நாட்டில் நிலைபெற்றமையாகும்.

முக்கால் நூற்றாண்டு கழிந்து மீண்டும் வீட்டு விலைகள் சரிந்து, 2008 ஆம் ஆண்டு நெருக்கடி வந்தபொழுது, இப்பழைய கூட்டுத்தாபனத்தின் பெயர் மறுபடியும் பேசப்பட்டது. 2009 இல் ஜனாதிபதி ஒபாமாவின் அரசு வேறொரு வழியை மேற்கொண்டது. மாதத் தவணை வருவாயில் நூற்றுக்கு 31 ஆகக் குறையுமாறு கடனைத் திருத்தும் நிறுவனங்களுக்கு அரசு ஊக்கப்பணம் கொடுத்தது. கடனைத் தான் வாங்கவில்லை. முப்பது முதல் நாற்பது இலட்சம் குடும்பங்கள் பயன்பெறும் என எதிர்பார்க்கப்பட்டது. 2016 முடிவில் திட்டம் மூடப்பட்டபொழுது நிலையான திருத்தம் பெற்றோர் அதில் ஏறக்குறையப் பாதியளவினரே.

இரு காலங்களையும் ஒப்பிடுவோர்க்கு ஓர் உண்மை புலனாகும். தவணை கட்ட இயலாதவனுக்கு வேண்டுவன மூன்று: மூச்சு விடச் சிறிது காலம், வருவாய்க்கு அடங்கிய தவணை, வெட்கமின்றிச் சென்று பேசத்தக்க ஒரு வாசல். முதலாவதை நீதிமன்றம் கொடுக்கலாம். இரண்டாவதைச் சட்டம் கொடுக்கலாம். மூன்றாவது அமையாவிடின் முன்னைய இரண்டும் ஏட்டில் நின்றுவிடும். ஏலமணி ஒலித்த பின்னர் அன்று, முதல் தவணை தவறிய அன்றே அந்த வாசல் திறந்திருத்தல் வேண்டும்.