கரையேற விடாத கப்பல்

1914-ஆம் ஆண்டு மே திங்கள் 23-ஆம் நாள். கனடா நாட்டின் மேற்குக் கரையிலே, வான்கூவர் துறைமுகத்திலே, ஜப்பானியக் கப்பல் ஒன்று வந்து நிற்கிறது. கோமகட்டா மாரு என்பது அதன் பெயர். உள்ளே 376 பேர். சீக்கியர் 340, முஸ்லிம்கள் 24, இந்துக்கள் 12. உழவர்கள், கூலிவேலை தேடிப் புறப்பட்டவர்கள், பிரிட்டிஷ் பட்டாளத்திலே பணிபுரிந்து திரும்பிய பழைய சிப்பாய்கள். பீரங்கி கொண்டுவரவில்லை அவர்கள். படுக்கை மூட்டை கொண்டுவந்தனர். நாடு பிடிக்க வரவில்லை. மரம் அறுக்கும் ஆலையிலே வேலை பிடிக்க வந்தனர். இரண்டு திங்கள் அந்தக் கப்பலைக் கரையேற விடாமல் நிறுத்தி, குடிநீருக்கும் உணவுக்கும் கெஞ்சவைத்து, இறுதியில் போர்க்கப்பலைக் காட்டி விரட்டினர்.

சோகக் கதை இது, பலர் எழுதிவிட்டனர். நாம் இங்கே வேறொரு கணக்குப் பார்க்க விரும்புகிறோம். உள்நாட்டு அமைதி வேறு, அயல்நாட்டு விவகாரம் வேறு என்று அரசியல் நூல்கள் கோடு கிழிக்கின்றன. உள்ளே இருப்பவனை அடக்கப் போலீசு. வெளியே இருந்து வருபவனைத் தடுக்கப் படை. இரண்டுக்கும் தனித்தனி அமைச்சர், தனித்தனி அலுவலகம். பிழைப்புத் தேடிப் பெட்டி தூக்கியவன் ஒருவன் அந்தக் கோட்டின் மேலே காலை வைத்ததும் கோடு என்னவாகிறது என்பதைக் காட்ட, இந்தக் கப்பலைவிடச் சிறந்த சான்று நமக்குக் கிடைக்கவில்லை.

பஞ்சாபியர் கனடாவுக்குப் போகத் தொடங்கியது 1904-ஐ ஒட்டிய ஆண்டுகளில். நான்கைந்து ஆண்டுகளில் ஐயாயிரம் பேரளவில் சேர்ந்தனர். மலையளவு கூட்டமல்ல. ஆயினும் வெள்ளைத் தொழிலாளர் சங்கங்கள் கொதித்தன. கூலியைக் குறைப்பவர்கள், நிறம் மாறியவர்கள், நம்மோடு ஒட்டாதவர்கள் என்றனர். குறைந்த கூலி கொடுத்த முதலாளியின்மீது பாயவேண்டிய கோபம், அதை வாங்கிய ஏழையின்மீது பாய்ந்தது. 1907 செப்டம்பரில் வான்கூவர் நகரிலே சீனர், ஜப்பானியர் வாழ்ந்த தெருக்களில் கலகக் கும்பல் புகுந்து கடைகளை நொறுக்கிற்று. அதே ஆண்டு அந்த மாகாணத்தில் இந்தியரின் வாக்குரிமை பறிக்கப்பட்டது.

சர்க்கார் என்ன செய்தது? இங்கேதான் கவனிக்கவேண்டிய நுட்பம் இருக்கிறது. சீனர்மீது தலைவரி போட்டிருந்தனர். 1903-லிருந்து தலைக்கு 500 டாலர். சீனப் பேரரசு நொடித்துக் கிடந்தது, கேட்க ஆளில்லை. ஜப்பானியர்மீது அப்படிக் கைவைக்க முடியவில்லை. ரஷ்யாவைக் கடலிலே தோற்கடித்த கடற்படை அவர்களிடம் இருந்தது. பிரிட்டனோடு உடன்படிக்கை இருந்தது. எனவே அமைச்சர் ஒருவரையே டோக்கியோவுக்கு அனுப்பிப் பணிவோடு பேசி, ஆண்டுக்கு நானூறு பேர் என்று ஒப்பந்தம் செய்துகொண்டனர். இந்தியன்? அவன் அயலானும் அல்லன், சொந்தக்காரனும் அல்லன். அதே மன்னரின் குடி. விக்டோரியா ராணியார் 1858-ல் வெளியிட்ட பிரகடனத்தை மனப்பாடமாக வைத்திருந்தவன். பேரரசின் எந்த மூலைக்கும் போகலாம் என்று நம்பியவன். அவனைப் பெயர் சொல்லித் தடுத்தால் இந்தியாவிலே கொந்தளிப்பு எழும். தடுக்காவிட்டால் கனடாவிலே கலகம் எழும்.

கண்டுபிடித்தனர் ஒரு தந்திரத்தை. 1908-ல் பிறந்தது ஆணை: பிறந்த நாட்டிலிருந்து இடையில் எங்கும் மாறாமல், தொடர்ந்த ஒரே பயணத்தில் வருபவரே கனடாவில் இறங்கலாம். இந்தியாவிலிருந்து அப்படி நேரே பயணச்சீட்டு எடுத்து வரும் வழியையும் அடைத்துவிட்டனர். கையில் 25 டாலர் இருந்தால் போதும் என்றிருந்ததை, ஆசியர்க்கு 200 டாலர் ஆக்கினர். ஆணையிலே ‘இந்தியர்’ என்ற சொல்லே கிடையாது! சட்டத்தின் முகத்திலே சந்தனம் பூசி, கையிலே கத்தி கொடுத்தனர். இதை இலண்டனோடு கலந்து பேசி முடிக்கப் போனவர் மெக்கன்சி கிங். பின்னாளில் கனடாவின் பிரதமர் ஆனவர். ஒரு மாகாணத்துத் தெருக்கலகம், மூன்று கண்டங்களின் தலைமை அலுவலகங்கள் கூடிப் பேசும் விவகாரமாயிற்று.

ஹாப்கின்சன் என்ற ஒரு மனிதரைப் பற்றிச் சொல்லாமல் மேலே போக இயலாது. கல்கத்தாப் போலீசில் பணியாற்றியவர். இந்தி பேசுவார். வான்கூவர் வந்து சேர்ந்தார். கனடாக் குடியேற்றத் துறையில் ஆய்வாளர், மொழிபெயர்ப்பாளர். சம்பளம் கனடா கொடுத்தது. இலண்டனில் இருந்த இந்திய அலுவலகம் தனியே பணம் கொடுத்தது. எல்லை தாண்டி அமெரிக்காவின் சான்பிரான்சிஸ்கோவுக்கும் போய், அங்குள்ள குடியேற்ற அதிகாரிகளுக்கும் தகவல் தந்தார். வருபவனிடம் பயணச்சீட்டைக் கேட்பதும் அவரே. அவன் எந்தக் கூட்டத்திலே என்ன பேசினான் என்று டில்லிக்கு எழுதுவதும் அவரே. அவரை உள்நாட்டு அதிகாரி என்பதா, அயல்நாட்டு ஒற்றர் என்பதா? அவருக்கே விடை தெரிந்திருக்காது. 1913-ல் அமெரிக்க மேற்குக் கரையிலே கதர் கட்சி பிறந்தது. நவம்பர் முதல் நாள் அதன் பத்திரிகை வெளிவந்தது. 1914 மார்ச்சில் அதன் மூளையாக விளங்கிய ஹர்தயாளைக் கைது செய்தவர்கள் அமெரிக்கக் குடியேற்ற அதிகாரிகள். ஜாமீனில் வந்து நாட்டைவிட்டே வெளியேறினார் அவர்.

இந்தச் சூழலிலேதான் குர்தித்சிங் என்ற வணிகர் ஹாங்காங்கில் கோமகட்டா மாருவை வாடகைக்கு எடுத்தார். ஏப்ரல் 4-ல் புறப்பட்டது கப்பல். ஷாங்காய், மோஜி, யோகோஹாமா துறைகளில் மேலும் பலர் ஏறினர். வான்கூவர் வந்ததும், முன்னரே அங்கு வாழ்ந்தவர்கள் என்று மெய்ப்பித்த இருபது பேரளவில் மட்டுமே இறங்க விட்டனர். கரையில் இருந்த இந்தியர் காசு திரட்டிக் கப்பல் வாடகையைக் கட்டினர். வழக்கறிஞர் வைத்து வாதாடினர். ஜூலை 6-ல் மேல் நீதிமன்றம் கைவிரித்தது. ஜூலை 19-ல் இழுவைக் கப்பல் ஒன்றில் நூற்றுக்கு மேற்பட்ட போலீசார் ஏறிவந்து கோமகட்டா மாருவைப் பற்ற முயன்றபோது, பசியிலே வாடியவர்கள் நிலக்கரியையும் செங்கல்லையும் எறிந்து விரட்டினர். போலீசால் ஆகாதபோது படை வந்தது. 1910-ல் பிறந்த கனடாக் கடற்படையிடம் இருந்தவை இரண்டு பழைய போர்க்கப்பல்கள். அவற்றில் ஒன்றான ரெயின்போ, பீரங்கியோடு துறைமுகத்தில் வந்து நின்றது. எதிரி நாட்டுக்காகக் கட்டிய படை, ஒரே மன்னரின் குடிகள்மீது குறிவைத்தது! ஜூலை 23-ல் கப்பல் திரும்பிற்று.

திரும்பும் வழியிலே உலகப்போர் மூண்டுவிட்டது. ஹாங்காங்கில் இறங்கலாகாது என்றனர். சிங்கப்பூரிலும் அதே பேச்சு. இந்தியாவுக்குள் வருபவரைத் தடுத்து நிறுத்தவும் அடைத்துவைக்கவும் அதிகாரம் தரும் அவசரச் சட்டம் செப்டம்பரில் பிறந்தது. வெளியேயிருந்து வருபவன் சொந்த மகன். எனினும் அவனுக்கே கதவிலே காவல்! வங்கக் கடலிலே அப்போது ஜெர்மானியக் கப்பல் எம்டன் சுற்றிக்கொண்டிருந்தது. செப்டம்பர் 22-ல் சென்னையின்மீது அது குண்டு வீசியதை, எத்தனையோ தலைமுறைக்குப் பின்னும், தந்திரக்காரனை ‘எம்டன்’ என்று அழைக்கும் நம் மக்களின் நாக்கு மறக்கவில்லை. சரியாக ஒரு கிழமை கழித்து, செப்டம்பர் 29-ல், கல்கத்தாவுக்குக் கீழே பட்ஜ் பட்ஜ் என்ற இடத்தில் கோமகட்டா மாரு பயணிகளை இறக்கினர். பஞ்சாபுக்குத் தனி ரயில் காத்திருந்தது. சிலர் ஏறினர், பலர் மறுத்துத் தம் வேதநூலைத் தூக்கிக்கொண்டு கல்கத்தா நோக்கி நடந்தனர். மறித்தனர், மோதல், துப்பாக்கி வெடித்தது. பயணிகளில் இருபது பேரளவில் மாண்டனர். கனடாவிலே சுடப்படாதவர்கள், பிறந்த நாட்டிலே சுடப்பட்டனர்.

அந்த அவசரச் சட்டத்தைப் பிறப்பித்த அரசப் பிரதிநிதி ஹார்டிஞ்சு பிரபு. ஓராண்டுக்குள்தான், 1913 நவம்பரில், இதே சென்னையிலே பேசி, தென்னாப்பிரிக்காவில் இந்தியர் படும் பாட்டுக்காக அந்த அரசைக் கண்டித்தவர்! நேட்டால் கரும்புத் தோட்டங்களில் உழன்ற நம் தமிழ்க் கூலிகளுக்காகவும் கண்ணீர் விட்டவர். அவரை இரட்டை வேடக்காரர் என்று சொல்லிவிட்டுப் போவது எளிது. நாம் அப்படி எண்ணவில்லை. இரண்டிடத்திலும் அவர் அஞ்சியது ஒன்றையே: வெளியே இந்தியன்மீது விழும் அடி உள்ளே கலகமாக எழும் என்பதை. அச்சம் சரியானது. மருந்துதான் தவறு.

வான்கூவரிலோ ஒற்றர் வலையின் விளைவு வெடித்தது. செப்டம்பரில் குருத்வாராவுக்குள்ளேயே ஹாப்கின்சனின் தகவலாளி பேலாசிங் துப்பாக்கியால் சுட்டு இருவரைக் கொன்றான். அவனுக்காகச் சாட்சி சொல்ல அக்டோபர் 21-ல் நீதிமன்றம் வந்த ஹாப்கின்சனை மேவாசிங் சுட்டு வீழ்த்தினார். 1915 ஜனவரி 11-ல் தூக்கிலிடப்பட்டார்.

கதர் கட்சியினர் ஆயிரக்கணக்கில் நாடு திரும்பினர். வந்த கப்பல்களிலேயே பலரைப் பிடித்தனர். அவர்கள் திட்டம் கற்பனையன்று என்பதையும் நாம் சொல்லியாக வேண்டும். ஜெர்மனி பணமும் துப்பாக்கியும் தர முன்வந்தது மெய். 1915 பிப்ரவரியில் பட்டாளத்திலே கிளர்ச்சி எழுப்ப நாள் குறித்தனர். உள்ளிருந்த ஒருவனே காட்டிக்கொடுத்தான். மார்ச்சில் இந்தியப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. மேல்முறையீடு இல்லாத தனி நீதிமன்றம் லாகூரிலே 24 பேருக்குத் தூக்கு விதித்தது, 17 பேர் தண்டனை குறைக்கப்பட்டது, எழுவர் தூக்கிலேறினர். அவர்களில் கர்த்தார்சிங் சராபாவுக்கு வயது 19. ஆனால் இதை மறவாதீர்கள்: கதவு அடைபடும் முன்னே இவர்களில் பெரும்பாலோர் மரம் அறுத்தவர்கள், தண்டவாளம் போட்டவர்கள், வீட்டுக்குப் பணம் அனுப்பியவர்கள். கதவைச் சாத்தியவனே அவர்களுக்குக் கட்சி தேடிக்கொடுத்தான்.

போர் முடியும் வேளை. போர்க்காலச் சட்டம் காலாவதியாகிவிடுமே என்ற கவலை சர்க்காருக்கு. நீதிபதி ரௌலட் தலைமையில் 1917 டிசம்பரில் ஒரு குழு அமைத்தனர். சென்னை உயர்நீதிமன்ற நீதிபதி குமாரசாமி சாஸ்திரியாரும் அதில் ஓர் உறுப்பினர். பஞ்சாபைப் பற்றி எழுதும்போது அந்தக் குழு கோமகட்டா மாருவையும் திரும்பிவந்த குடியேறிகளையும் எடுத்துக் காட்டிற்று. விசாரணையின்றி அடைத்துவைக்கும் அதிகாரத்தை அமைதிக் காலத்துக்கும் நீட்டிய ரௌலட் சட்டம் 1919 மார்ச்சில் நிறைவேறிற்று. ஏப்ரல் 13-ல் ஜாலியன்வாலாபாக். சர்க்கார் கணக்கிலேயே 379 பிணங்கள். வான்கூவரிலே 200 டாலர் கேட்ட விதிக்கும், அமிர்தசரசிலே பாய்ந்த குண்டுக்கும் இடையே பதினோரு ஆண்டு, ஒரே சங்கிலி. அந்தச் சங்கிலிதான் எல்லாவற்றுக்கும் காரணம் என்று நாம் சாதிக்கவில்லை. போர்க்கால விலைவாசியும், வலுக்கட்டாயப் படைசேர்ப்பும் பஞ்சாபைப் புண்ணாக்கியிருந்தன. ஆனால் சட்டத்தின் வழித்தடம் இதுதான்.

அமெரிக்காவும் தன் பங்குக்குச் செய்தது. 1917 பிப்ரவரியில் ஆசியாவின் பெரும்பகுதிக்குக் கதவடைக்கும் குடியேற்றச் சட்டம். அதே ஆண்டு நவம்பரில் சான்பிரான்சிஸ்கோவில் கதர் கட்சியினர்மீது நடுநிலைச் சட்டத்தை மீறியதாக வழக்கு. இந்தியரை அடக்க அமெரிக்க நீதிமன்றம். ஆதாரம் திரட்டிக் கொடுத்தது பிரிட்டிஷ் உளவுத்துறை.

தப்பிய குர்தித்சிங் ஏழாண்டு தலைமறைவாக இருந்து, 1921-ல் நன்கானா சாகிபில் தாமே சரணடைந்து சிறை புகுந்தார். 1954-ல் மறைந்தார். 2016 மே 18-ல் கனடாப் பிரதமர் நாடாளுமன்றத்திலே எழுந்து மன்னிப்புக் கேட்டார். தொடர்ந்த பயணம் கேட்ட அந்த விதி 1947 வரை ஏட்டிலே உயிரோடு இருந்தது. அந்த மாகாணத்து இந்தியருக்கு வாக்குரிமை திரும்பியதும் அதே ஆண்டிலேதான். பறித்து நாற்பது ஆண்டுகள் கழித்து.