ஒரு பேரும் ஒரு குடும்பமும்: தோட்டத்துக் கூலியின் வரலாறு பற்றிச் சில குறிப்புகள்

மலையகத் தோட்டங்களில் ஒரு நாட்கூலியைப் 'பேர்' என்பர். விடியற்காலையிற் பிரட்டுக்களத்திற்கு வந்து, அன்றைய வேலையை அளவு குறையாது முடித்தவருக்கு ஒரு பேர், குறைந்தால் அரைப்பேர், வராதவருக்கு எதுவுமில்லை. கூலியின் வரலாறு என்றதும் அது எத்தனை சதம் என்பதையே நாம் முதலில் நோக்குகின்றோம். அக்கூலி எத்தனை நாள் கிடைத்தது, கிடையாத நாள்களில் லயத்துக் காம்பராவினுள் யாது நிகழ்ந்தது என்பன அதனினும் அடிப்படையான வினாக்களாகும்.

கோப்பிக் காலத்தில் இவ்வினாக்கள் தோட்டத்துரையைப் பெரிதும் தொடவில்லை. அக்காலத்தில் வந்தோருட் பெரும்பாலோர் ஆண்கள். மன்னாரிலிருந்து மாத்தளை வரை காட்டுவழியே நடந்து வந்து, பறிப்புப் பருவம் முடிந்ததும் ஊர் திரும்பினர். வழியில் வாந்திபேதிக்கும் காய்ச்சலுக்கும் இரையானோர் மிகப் பலர். உயிர் தப்பி, உழைத்து, நோயுற்றுத் திரும்பியவனைப் பேணும் பொறுப்புத் தென்னிந்தியக் கிராமத்தையே சார்ந்தது. அவனைப் பெற்று வளர்த்த செலவும் அக்கிராமத்தினுடையதே. தோட்டம் வாங்கியது உடல்நலமுள்ள சில மாத உழைப்பினை மட்டுமே. மலிவான கூலியின் இரகசியத்தை இங்கேதான் தேடவேண்டும்.

1869இற் காணப்பட்ட இலைநோய் கோப்பியை வீழ்த்தியது. 1867இல் ஜேம்ஸ் டெயிலர் லூல்கந்துரவிற் பயிரிட்ட தேயிலை அதன் இடத்தைப் பிடித்தது. தேயிலைக் கொழுந்து ஆண்டு முழுவதும் துளிர்ப்பது. பறிப்பதற்குப் பெண்கள் வேண்டும். எனவே குடும்பங்கள் குடியமர்ந்தன. முன்பு கடலுக்கு அப்பால் நிகழ்ந்த பிறப்பும் நோயும் முதுமையும் இப்போது லயத்திலேயே நிகழலாயின.

சட்டங்கள் இதனைத் தொடர்ந்தே வந்தன. தோட்டத் தொழிலாளரின் மருத்துவத் தேவைகள் பற்றிய கட்டளைச்சட்டம் 1872இலேயே இயற்றப்பட்டது. 1912ஆம் ஆண்டுச் சட்டமோ, பிள்ளை பெற்ற பெண்ணுக்கு முப்பது நாள் உணவும் உறையுளும் வழங்கவேண்டும் எனவும், வைத்திய அதிகாரி தகுதியெனச் சான்று தந்தாலன்றி அந்நாள்களில் அவளிடம் வேலை வாங்கலாகாது எனவும் விதித்தது. இதனைக் கருணை என்று மட்டும் கொள்ளுதல் பொருந்தாது. நாளைய கொழுந்துக்காரி இன்று தொட்டிலில் கிடந்தாள் என்பதைத் தோட்ட நிருவாகமும் அரசும் உணர்ந்திருந்தன.

பெரிய கங்காணியின் வருமானமும் இவ்விடத்தில் நோக்கத்தக்கது. அன்றன்று வேலைக்கு இறங்கிய ஆட்களைத் தலைக்கு இவ்வளவு என எண்ணி அவருக்குக் காசு வழங்கப்பட்டது. லயத்தில் ஒருவர் படுத்தால் கங்காணியின் கணக்கிலும் ஓர் ஆள் குறையும். காய்ச்சற்காரரையும் எழுப்பி மலைக்கு ஓட்டுவதிற் கங்காணிக்கு இருந்த அக்கறை இதனால் விளங்கும்.

கொழுக்கிப்புழுவின் கதை இன்னும் தெளிவானது. மலசலகூடமற்ற லயங்கள், ஈரமண், வெறுங்கால்: இம்மூன்றும் கூடிய இடத்தில் அப்புழு பெருகிக் குருதியை உறிஞ்சிற்று. இரத்தச்சோகையுற்றவர் மலையேற மூச்சு வாங்கினார். துரைமார் அதனைச் சோம்பல் என்றனர். 1916இல் ரொக்பெல்லர் மன்றத்தின் துணையுடன் தோட்டங்களிற் புழுவொழிப்பு முயற்சி தொடங்கியது. ஆனால் மருந்துண்ட நாளில் வேலைக்குச் செல்ல இயலாது. செல்லாவிடிற் பேர் இல்லை. நோயைத் தீர்ப்பதற்கும் ஒரு நாட்கூலியை விலையாகக் கொடுக்கவேண்டியிருந்தது.

1927ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் 1929இல் முதன்முறையாகக் குறைந்தபட்சக் கூலி நடைமுறைக்கு வந்தது. மலைநாட்டு உயர்பகுதியில் ஆணுக்கு 54 சதம், பெண்ணுக்கு 43, பிள்ளைக்கு 32. கணவனும் மனைவியும் வேலைக்குச் சென்றால் 97 சதம். பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் யார் லயத்தில் தங்குவது? கணவன் தங்கினால் 54 போகும். மனைவி தங்கினால் 43. பதினொரு சதம் மிச்சமாவதற்காகவே அவள் தங்கினாள் என்று சொல்லிவிடலாம். ஆயின் 1984இல் இருபாலாருக்கும் கூலி சமமாக்கப்பட்ட பின்னரும் அவளே தங்குகிறாள். கூலிக்கணக்கு வழக்கத்திற்கு ஒரு நியாயத்தை அளித்ததேயன்றி, வழக்கத்தை அது படைக்கவில்லை என்றே கருதவேண்டியுள்ளது. பிள்ளைக்காம்பரா நலமான குழந்தைக்கே உதவும். நோயுற்ற குழந்தைக்குத் தாயின் மடியே வேண்டும்.

1939இன் மகப்பேற்று நன்மைகள் கட்டளைச்சட்டம் ஒரு பெரும் முன்னேற்றம் என்பதில் ஐயமில்லை. எனினும் முந்திய ஓராண்டில் 150 நாள் வேலை செய்திருத்தல் வேண்டும் என்னும் நிபந்தனை அதிற் காணப்படுகின்றது. கருவுற்ற காலத்தில் நோயினால் மிகுதியும் படுத்தவளே இந்த எண்ணிக்கையை எட்டாது போகக்கூடியவள். உதவி மிகவும் வேண்டியவளும் அவளே. மூன்றாம் பிள்ளைக்கு விடுப்பு அரைவாசியாகக் குறைக்கப்பட்டிருந்த பாகுபாடு 2018இலேதான் நீங்கியது.

1973-74 உணவுத் தட்டுப்பாட்டின்போது தோட்டப்பகுதி இறப்பு விகிதம் கூர்மையாக உயர்ந்தது. அரிசியும் மாவும் முழுக்க முழுக்கப் பேரிலிருந்தே வரவேண்டியிருந்த மக்களுக்கு, வயலோ தோப்போ வேறு புகலோ இருக்கவில்லை. குடியிருந்த காம்பராவும் தொழிலோடு பிணைந்ததே.

அண்மைக்காலத்துக்கு வருவோம். 2016ஆம் ஆண்டுக் கூட்டு ஒப்பந்தத்தில் நாட்சம்பளம் 730 ரூபா எனப் பேசப்பட்டது. அதில் அடிப்படைச் சம்பளம் 500. வருகைக் கொடுப்பனவு 60. எஞ்சியவை உற்பத்திக்கும் தேயிலை விலைக்குமானவை. தோட்டம் வேலை வழங்கும் நாள்களில் நூற்றுக்கு 75 விழுக்காடு சமுகமளித்தவருக்கே அந்த 60 ரூபா. மாதத்தில் 24 நாள் வேலையெனின் 18 நாள் செல்லவேண்டும். பிள்ளையின் நோயால் ஒரு நாள் தவறி 17 நாள் சென்றவள், தங்கிய நாளின் கூலியோடு, உழைத்த பதினேழு நாளுக்குமான 1,020 ரூபாவையும் இழந்தாள். அடிப்படைச் சம்பளத்தில் இது இரண்டு நாளுக்கு மேற்பட்ட தொகை. 2019இன் ஒப்பந்தத்தில் வருகைக் கொடுப்பனவு நீக்கப்பட்டு, அடிப்படைச் சம்பளம் 700 ரூபாவாக உயர்த்தப்பட்டது. பேர் மட்டும் அன்று போலவே நாள் நாளாகப் போடப்படுகின்றது.