எம்டன் கப்பலின் தலைவர்: கார்ல் வான் முல்லரின் கடற்படை வாழ்வும் தமிழக நினைவும்

முன்னுரை

1914 செப்டம்பர் 22 இரவு எம்டன் என்ற ஜெர்மானியப் போர்க்கப்பல் சென்னைத் துறைமுகத்தின் மீது குண்டு வீசியதைத் தமிழகம் நூறாண்டு கடந்தும் மறக்கவில்லை. மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில், கடலிலிருந்து வெகு தொலைவில் உள்ள அல்லிநகரம், கம்பம் பக்கம்கூட எம்டன் என்றால் யாருக்கும் விளக்கம் தேவையில்லை. ஆனால் அந்தக் கப்பலைச் செலுத்திய கார்ல் வான் முல்லரின் பெயர் இங்கே வந்து சேரவில்லை. அவர் இருக்க வேண்டிய இடத்தில் இந்திய விடுதலைப் போராளி செண்பகராமன் பிள்ளையைப் பற்றிய ஒரு கதை இருக்கிறது.

இக்கட்டுரை முல்லரின் பணிவாழ்வைக் காலவரிசையில் ஆராய்ந்து இரண்டு முடிவுகளை முன்வைக்கிறது. சென்னைத் தாக்குதல் தற்செயலான துணிச்சல் அன்று. அவரிடம் படிப்படியாக உருவான போர்முறையின் ஒரு பகுதி. அவர் பெயர் தமிழகத்தில் மறைந்துபோனதற்கு அவரே கடைப்பிடித்த மௌனமும் ஒரு காரணம்.

பயிற்சிக் காலம்: 1873–1913

முல்லர் 1873 ஜூன் 16 அன்று ஹனோவரில் பிறந்தார். தந்தை பிரஷ்யத் தரைப்படை அதிகாரி. பிளோன் நகர ராணுவப் பள்ளியில் சேர்ந்த முல்லர், 1891-இல் கடற்படைக்கு மாறிக்கொண்டார். பயிற்சிக் கப்பல்களில் தொடங்கி, பாடன், சாக்சன் ஆகிய போர்க்கப்பல்களில் சமிக்ஞை அதிகாரியாகப் பணியாற்றினார். பின்னர் ஜெர்மன் கிழக்கு ஆப்பிரிக்கக் கரையில் ஷ்வால்பே என்ற சிறு பீரங்கிக் கப்பலில் பணி. அங்கே தொற்றிய மலேரியா அவரை இறுதிவரை விடவில்லை.

1900-இல் தாயகம் திரும்பியபின் இளவரசர் ஹைன்ரிச்சின் அலுவலர் குழுவிலும், 1908-இல் பதவி உயர்வு பெற்றதைத் தொடர்ந்து பெர்லின் கடற்படை அமைச்சகத்திலும் பணிபுரிந்தார். தனிக் கப்பலின் தலைமை அவரிடம் வந்தபோது வயது நாற்பதை நெருங்கியிருந்தது. சமிக்ஞை, திட்டமிடல், நிர்வாகம் ஆகியவற்றில் கழிந்த இந்த ஆண்டுகளை வாழ்க்கைக் குறிப்புகள் ஓரிரு வரிகளில் கடந்துவிடுகின்றன. ஆனால் 1914-இல் அவர் எடுத்த முடிவுகளில் தெரியும் பொறுமையும் கணக்கும் இங்கே பழகியவை.

1913-இல் எம்டனின் தலைமை அவருக்குக் கிடைத்தது. 1908-இல் டான்சிக்கில் கடலில் இறக்கப்பட்ட இந்த இலகுரகக் கப்பலில் 10.5 சென்டிமீட்டர் பீரங்கிகள் பத்து இருந்தன. 1910 முதல் அது சீனக் கடற்கரையில், சிங்தாவ் தளத்தில் இருந்தது. அதே 1913-இல் யாங்சி ஆற்றில் கிளர்ச்சியாளர் கோட்டைகளைச் சுட்டு அடக்கிய நடவடிக்கைக்காக முல்லர் விருது பெற்றார்.

தனிவழியைத் தேர்ந்த முடிவு

போர் நெருங்கியதும் 1914 ஜூலை 31 அன்று எம்டன் சிங்தாவை விட்டு வெளியேறியது. ஆகஸ்ட் நடுவில் பசிபிக்கின் பாகன் தீவில் ஜெர்மன் கிழக்காசியக் கடற்படையின் தளபதி வான் ஷ்பே தம் கப்பல் தலைவர்களைக் கூட்டினார். முழுப் படையும் தென்னமெரிக்கா நோக்கிச் செல்வதே அவர் எண்ணம். ஒரு கப்பலையாவது இந்தியப் பெருங்கடலுக்கு அனுப்பலாம் என்ற யோசனையைச் சொன்னவர் முல்லர். அதை ஏற்ற ஷ்பே, எம்டனை மார்கோமானியா என்ற நிலக்கரிக் கப்பலுடன் அனுப்பிவைத்தார்.

இந்தியப் பெருங்கடலில் ஜெர்மனிக்கு ஒரு துறைமுகமும் இல்லை. நிலக்கரி தீர்ந்தால் கப்பல் அசையாது. பிடிபடும் கப்பல்களிலிருந்தே எரிபொருளையும் உணவையும் எடுத்தாக வேண்டும். புகைபோக்கி மூன்று கொண்ட எம்டனில் துணியாலும் மரத்தாலும் பொய்யாக நான்காவது ஒன்றை நிறுத்தி, தொலைவிலிருந்து பார்ப்போருக்கு பிரிட்டிஷ் கப்பலாகத் தோன்றச் செய்தனர்.

செப்டம்பர் 10 முதல் வங்காள விரிகுடாவில் இண்டஸ், லோவட், கில்லின், டிப்ளமேட் என வணிகக் கப்பல்கள் வரிசையாகச் சிக்கின. டிப்ளமேட்டின் சரக்கு தேயிலை. மாலுமிகளையும் பயணிகளையும் முதலில் பாதுகாப்பாக மாற்றிய பிறகே முல்லர் ஒரு கப்பலை மூழ்கடித்தார். கபிங்கா என்ற கப்பலில் அதன் தலைவரின் மனைவியும் குழந்தையும் இருந்ததால் அதை மூழ்கடிக்காமல், பிடிபட்டவர்களை அதில் ஏற்றிக் கரைக்கு அனுப்பினார்.

சென்னையில் அரைமணி நேரம்

இந்தப் போரில் அதுவரை எம்டன் நிலத்தின் மீது சுடவில்லை. சென்னையைத் தேர்ந்ததற்கான காரணங்களை முல்லர் தம் அறிக்கையில் கூறியுள்ளார்: இந்திய மக்களின் கவனத்தை ஈர்ப்பது, ஆங்கிலேய வணிகத்தைக் கலைப்பது, ஆங்கிலேயரின் மதிப்பைக் குறைப்பது. துறைமுகத்தைக் கைப்பற்றும் எண்ணமே இல்லை.

செப்டம்பர் 22 இரவு சுமார் 9.30 மணி. உயர்நீதிமன்றக் கோபுரத்தில் இருந்த கலங்கரை விளக்கம் வழக்கம்போல் எரிந்துகொண்டிருந்தது. எம்டன் கரையிலிருந்து ஏறத்தாழ 3,000 கஜம் தொலைவில் நின்று, தேடுவிளக்கை பர்மா ஆயில் நிறுவனத்தின் எண்ணெய்த் தொட்டிகள் மீது பாய்ச்சிச் சுட்டது. அரைமணி நேரத்தில் சுமார் 130 குண்டுகள். தொட்டிகள் தீப்பற்றின, துறைமுகத்தில் நின்ற சுப்ரா என்ற கப்பல் சேதமடைந்தது, குறைந்தது ஐந்து பேர் உயிரிழந்தனர். கரைப் பீரங்கிகள் பதிலுக்குச் சில குண்டுகளே சுட்டன. எம்டன் விளக்குகளுடன் வடக்கே செல்வதுபோல் காட்டி, பிறகு விளக்கணைத்துத் தெற்கே திரும்பியது.

பொருட்சேதத்தைவிட மனச்சேதம் பெரிது. ஆயிரக்கணக்கானோர் நகரை விட்டு வெளியேறினர். ஆளும் அரசு தன் தலைநகரக் கடற்கரையையே காக்க இயலாததை மக்கள் கண்ணால் கண்டனர். குண்டு விழுந்த இடத்தைக் குறிக்கும் கல்வெட்டு உயர்நீதிமன்ற வளாகச் சுவரில் இன்றும் உள்ளது. முல்லரின் மனிதநேயத்தைப் போற்றும் எவரும் அந்த ஐந்து உயிர்களை மறந்துவிடக் கூடாது. அவர் கட்டுப்பாடு மிக்கவர். ஆயினும் அவர் நடத்தியது போர்.

உள்நாட்டுக்கும் கடலுக்கும் இடையே

வணிகப் பாதையைத் தாக்கும் போர் கரையோடு நிற்பதில்லை. கம்பம் பள்ளத்தாக்கே இதற்குச் சான்று. அக்காலத்தில் மூணாறின் கண்ணன் தேவன் தேயிலை டாப் ஸ்டேஷன் வரை சிற்றிருப்புப் பாதையிலும், அங்கிருந்து கம்பிவடத்தில் கொட்டகுடிக்கும், பின் மாட்டுவண்டியில் போடிநாயக்கனூருக்கும் வந்தது. போடிக்கு ரயில் வந்தது 1928-இல்தான் என்பதால், ரயிலடி வரைக்கும் வண்டிகளே துணை. முடிவில் தூத்துக்குடித் துறைமுகம் வழியாக இங்கிலாந்துப் பயணம். இந்த நெடுவழியின் கடைசிக் கண்ணியான கடலில்தான் முல்லர் கை வைத்தார். சென்னைக்குப் பின் அவர் சென்றது இலங்கையையும் மினிக்காயையும் சுற்றிய கப்பல் தடத்துக்கு. கிங் லட், டைமெரிக் ஆகியவை மூழ்கின. பியூரெஸ்க் அவருக்கு உயர்தர வேல்ஸ் நிலக்கரியை அளித்தது.

பினாங்கு, கோகோஸ், சிறை

அக்டோபர் 28 அதிகாலை பினாங்குத் துறைமுகத்துக்குள் நுழைந்து, ரஷ்யாவின் ஜெம்சுக் கப்பலையும், வெளியேறும் வழியில் பிரான்சின் மூஸ்கே கப்பலையும் எம்டன் மூழ்கடித்தது. நீரில் தத்தளித்த பிரெஞ்சு வீரர் 36 பேரை முல்லர் மீட்டார்.

நவம்பர் 9 அன்று கோகோஸ் தீவுகளின் தந்தி நிலையத்தை அழிக்கத் தம் துணை அதிகாரி ஹெல்முத் வான் முக்கே தலைமையில் சுமார் 50 பேரைக் கரையிறக்கினார். நிலையத்தார் அனுப்பிய அபாயச் செய்தி, ஆஸ்திரேலியப் படைகளை ஏற்றிச் சென்ற கப்பல் வரிசைக்குக் காவலாக வந்த சிட்னி போர்க்கப்பலை அங்கே வரவழைத்தது. சிட்னியின் பீரங்கிகள் பெரியவை. எம்டனில் 130-க்கும் மேற்பட்டோர் இறந்தனர். மிஞ்சியவர்களைக் காக்க முல்லர் கப்பலை வடக்கு கீலிங் தீவின் பவளப்பாறையில் ஏற்றினார்.

மால்டாவிலும், 1916 முதல் இங்கிலாந்திலும் அவர் போர்க்கைதி. 1917-இல் சட்டன் போனிங்டன் முகாமிலிருந்து சுரங்கம் வழியே 21 கைதிகளை அழைத்துத் தப்பி, மீண்டும் பிடிபட்டார். மலேரியா முற்றியதால் நெதர்லாந்துக்கு அனுப்பப்பட்டு, 1918 அக்டோபரில் தாயகம் சேர்ந்தார். அவ்வாண்டே ஜெர்மனியின் மிக உயர்ந்த படைவிருதான பூர் லெ மெரிட் அவருக்கு வழங்கப்பட்டது. 1919-இல் ஓய்வுபெற்று பிளாங்கன்பர்க்கில் குடியேறினார். பிரவுன்ஷ்வைக் மாநிலச் சட்டமன்றத்திலும் உறுப்பினரானார். 1923 மார்ச் 11 அன்று 49-ஆம் வயதில் இறந்தார்.

மௌனமும் கதையும்

எம்டனின் கதையை எழுதச் சொல்லிப் பலர் கேட்டும் முல்லர் மறுத்தார். தோழர்களின் ரத்தத்தில் பணம் ஈட்டுவதாகத் தமக்குப் படும் என்பதே அவர் சொன்ன காரணம். முக்கே 1915-லேயே எம்டன், ஆயிஷா என்ற இரு நூல்களை வெளியிட்டுவிட்டார். தலைவரின் குரல் மட்டும் இல்லை.

தமிழகத்தில் அந்த இடத்தைச் செண்பகராமன் பிள்ளை எம்டனில் வந்து குண்டு வீசச் செய்தார் என்ற கதை நிரப்பியது. சான்றுகள் இதை ஏற்கவில்லை. எம்டன் 1910 முதல் கிழக்காசியாவில் இருந்து, ஐரோப்பாவைத் தொடாமலே இந்தியப் பெருங்கடலுக்கு வந்தது. சென்னை தாக்கப்பட்ட அதே செப்டம்பரில் செண்பகராமன் சூரிச்சில் இந்திய விடுதலைக்கான குழுவை அமைத்துக்கொண்டிருந்தார். பிறகே பெர்லின் சென்றார். இதைச் சொல்வதால் அவர் பெருமை குறையாது. அந்நிய மண்ணில் அவர் உண்மையாகச் செய்த அரசியல் பணி தனியே மதிக்கத் தக்கது.

முடிவுரை

முல்லரின் பணிவாழ்வைத் தொடர்ந்து நோக்கினால், எம்டனின் வெற்றி நிலக்கரிக் கணக்கிலும், வணிகப் பாதை பற்றிய அறிவிலும், ஆள்சேதத்தைக் குறைக்கும் கட்டுப்பாட்டிலும் நின்றது தெளிவாகும். சென்னைத் தாக்குதலும் அந்தக் கணக்கின் உள்ளேயே அடங்கும். இந்தியரின் கவனத்தைக் குறிவைத்ததால் அது காலனிய ஆட்சியின் வரலாற்றிலும் இடம்பெறுகிறது. நம் பள்ளிகளும் உள்ளூர் வரலாற்று ஆர்வலர்களும் முல்லரையும் செண்பகராமனையும் தனித்தனியே, அவரவர் செயல்களுக்காகக் கற்பிக்க வேண்டும். ஒருவரின் செயலை மற்றவர் கணக்கில் எழுதும்போது இரண்டு வரலாறுகளையும் இழக்கிறோம்.