நாணயமே முதல்

கடல் கடந்து பொருளீட்டுதல் தமிழர்க்குப் புதியதன்று. ஔவை மூதாட்டி நமக்கு அதனை அறிவுரையாகவே சொல்லி வைத்தாள். சங்க விழாக்களில் நாம் இப்பெருமையைப் பேசும்போதெல்லாம் 1025ஆம் ஆண்டு கடாரம் நோக்கிச் சென்ற இராசேந்திர சோழனின் கப்பற்படையே முதலில் நினைவிற்கு வருகிறது. ஆனால் படை சென்றது, வென்றது, திரும்பியது. திரும்பாமல் அங்கேயே தங்கியவன் கடை வைத்த தமிழன். அரசனுக்கு மெய்க்கீர்த்தி உண்டு. கடைக்காரனுக்கு அது இல்லை. ஆயினும் அயல்நாட்டுத் தீவுகளில் தமிழ் இன்றும் ஒலிப்பதற்கு வாள் பிடித்தவனைவிடத் தராசு பிடித்தவனும், அவனோடு சென்று உழைத்தவனுமே காரணம். அவர்களுள் தராசு பிடித்தவனின் வரலாற்றைச் சிறிது ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பழைய சான்றுகள்

காவிரிப்பூம்பட்டினத்துத் தெருக்களில் ஈழத்திலிருந்தும் காழகத்திலிருந்தும் வந்த பொருள்கள் குவிந்து கிடந்ததைப் பட்டினப்பாலை காட்டுகிறது. காழகம் என்பதற்குக் கடாரம் என்று உரை கண்டார் நச்சினார்க்கினியர். பொருள் வந்ததென்றால் அதனைக் கொண்டுவர ஆளும், அங்கே வாங்கி அனுப்ப ஒரு தங்குமிடமும் இருந்திருக்க வேண்டும்.

அத்தகைய தங்குமிடங்களுக்குக் கல்வெட்டுச் சான்றுகள் உள்ளன. தாய்லாந்தின் மேற்குக் கரையில் தக்குவாபா என்னுமிடத்தில் கிடைத்த ஒன்பதாம் நூற்றாண்டுத் தமிழ்க் கல்வெட்டு, அவனிநாரணம் என்ற குளம் ஒன்றையும், அதனைக் காக்கும் பொறுப்பேற்ற மணிக்கிராமத்தார் என்னும் வணிகக் குழுவினரையும் குறிக்கிறது. சுமத்திராத் தீவின் பாருசு பகுதியில் லோபு துவா என்னும் ஊரில் கிடைத்த 1088ஆம் ஆண்டுக் கல்வெட்டு, திசையாயிரத்து ஐந்நூற்றுவர் என்ற பெரும் வணிகக் குழுவைக் குறிப்பிடுகிறது. இவ்விரண்டிலும் ஒரு பொதுத்தன்மை உண்டு. அயல் மண்ணில் வணிகன் தனியாக நிற்கவில்லை, குழுவாக நின்றான். சரக்கு விற்றதோடு அமையாமல், வருவோர் போவோர்க்கெல்லாம் பயன்படும் பொதுக்காரியத்திற்கும் பொறுப்பேற்றான். இந்த இயல்பு பின்னாளிலும் மாறவில்லை.

பினாங்குத் தீவு

பழைய கடாரமாகிய கெடாவின் கரைக்கு எதிரே உள்ளது பினாங்குத் தீவு. 1786ஆம் ஆண்டு பிரான்சிசு லைட் அதனைக் கிழக்கிந்தியக் கம்பெனிக்காகக் கைக்கொண்டபோது, கெடாவில் முன்பே வாழ்ந்த சோழமண்டலக் கரைத் தமிழர் பலர் அங்குக் குடிபெயர்ந்தனர். சூலியர் என்று அக்காலத்து ஆவணங்கள் கூறுவது இவர்களையே. பெரும்பான்மையோர் தமிழ் முசுலிம்கள். சூலியர் தெரு இன்றும் ஜார்ஜ் டவுன் நகரில் உள்ளது.

1794ஆம் ஆண்டு லைட் எழுதிய அறிக்கையில், ஏறத்தாழ ஆயிரம் சூலியர் தீவில் குடியேறியிருந்தனர் என்றும், அவர்கள் கடைக்காரராகவும் கூலியாட்களாகவும் இருந்தனர் என்றும், சிலரே குடும்பத்தோடு வாழ்ந்தனர் என்றும் குறித்திருக்கிறார். இவர்களன்றி ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கானோர் கப்பலில் வந்து, சிறு வணிகமோ உழைப்போ செய்து, சில வெள்ளிகளைச் சேர்த்துக்கொண்டு ஊர் திரும்பினர் என்றும், அவர்கள் இடத்திற்கு வேறு சிலர் வந்தனர் என்றும் அவர் சொல்கிறார்.

இச்சிறு குறிப்பில் ஒரு பெரிய உண்மை அடங்கியிருக்கிறது. தீவுக்குச் சென்றோர் இரு வகையினர். ஒருவர் பணம் சேர்த்துத் திரும்ப வந்தவர். மற்றவர் நிலைகொள்ள வந்தவர். நிலைகொண்டவர்களே தெருவுக்குப் பெயர் தந்தனர். 1801ஆம் ஆண்டில் காதர் மொகிதீன் என்னும் வணிகர் இச்சமூகத்தின் தலைவராக, கப்பித்தான் கிளிங் என்னும் பட்டத்தோடு விளங்கினார். அவர் பெயரால் வழங்கும் பள்ளிவாசல் அந்நகரின் பெருமைகளுள் ஒன்று. கோலின் இருபுறமும் சோற்றையும் குழம்பையும் தொங்கவிட்டுத் தோளில் சுமந்து விற்ற தமிழ் முசுலிம் வணிகரின் உணவு நாசி கந்தர் என்ற பெயரோடு இன்று அந்நாட்டாரின் பொது உணவாகிவிட்டது. ஒரு தோளும் ஒரு கோலுமே அக்கடையின் முழு முதலீடு.

நாணயம் சோதித்தவர்

பினாங்கிலிருந்து சிங்கப்பூர்த் தீவுக்குச் சென்ற நாராயண பிள்ளையின் வரலாறு, நம்மைப் போன்ற எழுத்தர்கள் ஊன்றிக் கற்கத்தக்கது. அவர் பினாங்கில் அரசாங்கப் பணியில் இருந்தவர். 1819 பிப்ரவரி 6ஆம் நாள் சிங்கப்பூர் ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. அதே ஆண்டு மே மாத இறுதியில் ராபிள்சு இரண்டாம் முறையாக இந்தியானா என்ற கப்பலில் அங்கு வந்தபோது, அவரோடு வந்தவர் நாராயண பிள்ளை.

அவருக்கு முதலில் கிடைத்த வேலை கருவூலத்தில் நாணயம் நோட்டம் பார்ப்பது. அன்று அக்கடற்பகுதியில் பெரிதும் புழங்கியது இசுபானிய வெள்ளி நாணயம். நல்ல காசையும் கள்ளக் காசையும் பிரித்தறிவது தேர்ந்த கண்ணும் கையும் வேண்டும் தொழில். இத்தொழிலோரை நம் முன்னோர் வண்ணக்கர் என்றனர். சங்கப் புலவர் சிலரின் பெயரோடும் இச்சொல் ஒட்டி நிற்கிறது. ஆனால் அவ்வேலை பிள்ளையிடம் நிலைக்கவில்லை. மலாக்காவிலிருந்து வந்த வேறொருவருக்கு அப்பதவி போயிற்று.

வேலை போன எழுத்தர் வேறெங்கும் விண்ணப்பம் எழுதவில்லை. ஊரைச் சுற்றிப் பார்த்தார். புதிதாக எழும் நகரத்திற்கு வீடு வேண்டும். வீட்டிற்குச் செங்கல் வேண்டும். செங்கல் அடுக்கக் கொத்தர் வேண்டும். பினாங்கிலிருந்த நண்பர்களுக்குச் சொல்லியனுப்பித் தச்சரையும் கொத்தரையும் துணி வணிகரையும் வரவழைத்தார். தஞ்சோங் பகார் பகுதியில் செங்கற்சூளை தொடங்கினார். அத்தீவின் முதல் இந்தியக் கட்டட ஒப்பந்தக்காரர் என வரலாறு அவரைக் குறிக்கிறது. தம்மிடம் உள்ளதை விற்க அவர் புறப்படவில்லை; ஊருக்கு எது இல்லை என்பதை முதலில் கண்டார். வணிகத்தில் அவர் வெற்றிக்கு முதற்காரணம் இதுவே எனலாம்.

தீயும் கடனும்

சூளையோடு பருத்தித் துணி வணிகத்திலும் பிள்ளை இறங்கினார். குறுக்குத் தெருவில் கடை அமைத்து, ஐரோப்பிய வணிகரிடம் கடனுக்குச் சரக்கெடுத்து விற்றார். 1822இல் தீ அக்கடையை விழுங்கியது. மரமும் அத்தாப்பு ஓலையும் மிகுந்த அக்காலத்து ஊரில் தீ என்பது வாசலிலேயே நிற்கும் பகைவன். சரக்கு சாம்பலாயிற்று, கடன் மட்டும் எஞ்சிற்று.

அந்நிலையில் பிள்ளை ஊரைவிட்டு ஓடியிருக்கலாம், கப்பல்களுக்குக் குறைவில்லை. அவர் ஓடவில்லை. அவ்வாண்டு இறுதியில் மீண்டும் சிங்கப்பூர் வந்திருந்த ராபிள்சிடம் தம் நிலையைக் கூறினார். கடன் கொடுத்தவர்கள் தவணை தந்தனர். வணிகச் சதுக்கத்தில் அவருக்கு நிலம் கிடைத்தது. அங்கே மீண்டும் கடை எழுந்தது. கடன் தீர்ந்து செல்வமும் சேர்ந்தது.

தமிழில் நாணயம் என்ற சொல் காசையும் குறிக்கும். சொன்ன சொல் தவறாமையையும் குறிக்கும். பிறர் காசின் நாணயத்தைச் சோதித்துப் பிழைத்தவரின் நாணயத்தை ஒரு தீ சோதித்தது. முதலாவது நாணயம் எரிந்தபோது இரண்டாவது அவரைக் காத்தது. கடனாளிக்குத் தவணை கொடுப்பவன் அவன் கண்ணீரைப் பார்த்துக் கொடுப்பதில்லை. அதுவரை அவன் நடந்துகொண்ட முறையைப் பார்த்தே கொடுக்கிறான்.

ஓலைக் கொட்டகையில் அம்மன்

கோயிலுக்குத் தெற்குப் பாலச் சாலையில் 1823இல் இடம் கிடைத்தது. 1827இல் அங்கே மரமும் ஓலையும் கொண்ட சிறு கொட்டகையில் அம்மன் எழுந்தருளினாள். செங்கற்சூளை வைத்திருந்தவர் கோயிலைச் செங்கல்லால் கட்டி முடிக்கும்வரை காத்திராமல், ஓலைக் கூரையின் கீழேயே வழிபாட்டைத் தொடங்கிவிட்டார் என்பது நம் கருத்தைக் கவர்கிறது. செங்கற் கட்டடம் பின்னர் வந்தது.

அக்கோயில் வழிபாட்டிற்கு மட்டும் பயன்படவில்லை. கப்பலிலிருந்து இறங்கிய புதியவர்கள் வேலையும் வீடும் கிடைக்கும்வரை அங்கே தங்கினர். திருமணங்கள் அங்கே பதிவாயின. தக்குவாபாவில் குளம் காத்த மணிக்கிராமத்தாரின் மரபு ஆயிரம் ஆண்டு கழித்து இங்கே தொடர்ந்தது எனலாம். 1973இல் அரசு அக்கோயிலைத் தேசிய நினைவுச் சின்னமாக அறிவித்தது. நகரின் இருநூறாம் ஆண்டாகிய 2019இல் ஆற்றங்கரையில் ராபிள்சு சிலையோடு வரிசையாக நிறுத்தப்பட்ட சிலைகளுள் நாராயண பிள்ளையின் சிலையும் ஒன்று.

கிட்டங்கி என்னும் பள்ளி

தனி மனிதனின் நாணயம் அவனோடு முடிந்துவிடக் கூடும். அதனை ஒரு முறையாக வகுத்தவர்கள் நாட்டுக்கோட்டை நகரத்தார். சிங்கப்பூரின் மார்க்கெட் தெருவிலும் கொழும்புச் செட்டியார் தெருவிலும் பினாங்கிலும் அவர்கள் வணிகம் நடத்தினர். சிங்கப்பூரில் நீண்ட கூடமாகிய கிட்டங்கியில் ஒவ்வொரு தொழிலுக்கும் ஒரு பாய், ஒரு சாய்வுப் பெட்டி, ஒரு பெட்டகம், அவ்வளவே.

சிறுவன் பெட்டியடிப் பையனாகச் சேர்வான். கணக்குக் கற்று அடுத்தாளாவான். பின்னரே கடையை நடத்தும் முகவராவான். மூன்றாண்டுக் கணக்கு முடிந்ததும் ஊருக்குத் திரும்புவான்; வேறொருவன் அவ்விடத்தை ஏற்பான். ஐந்தொகை ஊரிலுள்ள முதலாளிக்குப் போய்ச்சேரும். தருமத்திற்கெனக் கணக்கில் மகமை ஒதுக்கப்படும். 1859இல் தோன்றிய தெண்டாயுதபாணி கோயில் இவர்கள் கொடையே. பல ஆண்டுகள் பிறர் கடையில் அமர்ந்து கற்ற பின்னரே சொந்தக் கடை என்பது அவர்கள் கண்ட ஒழுங்கு.

மறுபக்கம்

வணிகர் பெருமையை மட்டும் பேசுவது நேர்மையாகாது. தீவுக்குச் சென்ற தமிழருள் மிகப் பலர் கடை வைக்கச் சென்றவரல்லர். மொரீசியசில் பிரெஞ்சு ஆளுநர் லபூர்தொனே 1735இல் பொறுப்பேற்ற பின்னர், புதுச்சேரியிலிருந்து கைவினைஞர் பலர் சென்றனர். துறைமுக நகரில் வணிகம் செய்தோரும் இருந்தனர். 1834 முதலோ ஒப்பந்தக் கூலிகளின் காலம் தொடங்கியது. இலங்கைத் தோட்டங்களுக்கும் மலேயாவுக்கும் கங்காணிகள் ஆள் திரட்டினர். கடைக்காரன் கணக்கு எழுதினான். கூலியாளோ தன் பெயர் பிறர் கணக்கில் ஏறுவதைப் பார்த்து நின்றான். ஒரே மொழி, பெரும்பாலும் ஒரே துறைமுகம். வாழ்வு மட்டும் வேறு.

கடைக்காரன் வாழ்வும் என்றும் உறுதியாக இருந்ததில்லை. 1948இல் இலங்கைக் குடியுரிமைச் சட்டம் மலையகத் தமிழர் பல இலட்சம் பேரை நாடற்றவராக்கியது. 1964இல் பர்மாவில் கடைகள் நாட்டுடைமையாயின. பல்லாண்டு உழைத்தவர்கள் வெறுங்கையோடு கப்பலேறினர். 1969க்குப் பின் மலேசியாவில் குடியுரிமையற்றோர்க்கு வேலை அனுமதிச் சீட்டு கட்டாயமாயிற்று. பல்லாயிரவர் தாயகம் திரும்பினர். பர்மாவிலிருந்து மீண்டவர்கள் சென்னைக் கடற்கரை இரயில் நிலையத்தருகே நடைபாதையில் பொருள் பரப்பி உருவாக்கியதே பர்மா பஜார். தீ எரித்த கடைக்குத் தவணை உண்டு. சட்டம் மூடிய கடைக்குத் தவணை இல்லை.

புனேயில் வாழும் நமக்கு

இவ்வரலாற்றைப் புனேயில் அமர்ந்து எண்ணுவதில் ஒரு பொருத்தம் உண்டு. 1676இல் மராட்டியர் தஞ்சையில் ஆட்சியமைத்தனர். அவர்களோடு சென்ற குடும்பங்கள் தமிழ்நாட்டிலேயே வேரூன்றின. பின்னர் நம்மவர் இங்கு வந்தனர். கிர்க்கி வெடிமருந்துத் தொழிற்சாலையும், பாதுகாப்புக் கணக்கு அலுவலகங்களும், தென்பிராந்திய இராணுவத் தலைமையகமும் நம்மில் எத்தனையோ குடும்பங்களுக்குச் சோறிட்டன. மராத்தியர் பேட் என்பதும் நாம் பேட்டை என்பதும் ஒன்றே. ராஸ்தா பேட்டில் காப்பிக்கொட்டையும் அப்பளமும் விற்ற கடைகளும் சிறு அளவில் நாராயண பிள்ளையின் வழிவந்தவையே.

இன்று நம் பிள்ளைகள் சிங்கப்பூரிலும் மொரீசியசிலும் அதற்கப்பாலும் இருக்கிறார்கள். பணிக்கொடையும் சேமநிதியும் கைக்கு வந்ததும், ஏதேனும் ஒரு தீவில் சிறு கடையொன்றை விலைக்கு வாங்கி அமரலாமா என்று நம் வயதொத்தவர்கள் விருந்துகளில் பேசிக்கொள்வதைக் கேட்கிறோம். ஆசை தவறன்று. ஆனால் முப்பது ஆண்டு உழைப்பின் பயனை ஒரே கையெழுத்தில் கொடுப்பதற்குமுன் வரலாறு கேட்கச் சொல்லும் வினாக்கள் மூன்று. அந்த ஊருக்கு எது தேவை என்பதை நாம் அறிவோமா? பிறர் கடையில் சில காலமேனும் அமர்ந்து தொழில் கற்றோமா? அந்நாட்டுச் சட்டம் நமக்கு எத்தனை ஆண்டு இடம் தருகிறது?

கடையை வாங்குபவன் சரக்கையும் அலமாரியையும் பெயர்ப்பலகையையும் வாங்கிவிடலாம். முன்னவன் மொத்த வணிகரிடமும் அண்டை அயலாரிடமும் பெற்றிருந்த நாணயத்தை எந்தப் பத்திரத்திலும் எழுதி வாங்க இயலாது. அதனைப் புதிதாகத் தானே ஈட்ட வேண்டும். அதற்கு ஆண்டுகள் ஆகும். தீ வரும் நாளோ சொல்லிவிட்டு வருவதில்லை.

வணிகர் நமக்கு முதல் என்ற சொல்லைத் தந்தனர். தொடக்கமும் அதுவே, மூலதனமும் அதுவே. நாணயமே முதல் என்பதை இரு பொருளிலும் உணர்ந்தவர்கள் சென்ற தீவுகளில் தெருக்களுக்கு நம் பெயர் நிலைத்தது. அவர்கள் பின்வருவோர்க்கு ஒதுங்க ஒரு கூரையும் வைத்துச் சென்றனர். சங்கம் வைத்து வாழும் நாம், இவ்வூரில் புதிதாக வந்து இறங்கும் தமிழ்க் குடும்பத்திற்கு அத்தகைய கூரையாக இருக்கிறோமா என்பதே அவர்கள் வரலாறு நம்மிடம் கேட்கும் கேள்வி.