தட்டினால் எரியும் விளக்கும் தட்டக்கூடாத இடமும்: கட்கியிலிருந்து ஒரு சிறு வரலாறு

கையிலிருக்கும் டார்ச் விளக்கு திடீரென அணைந்துவிட்டால் நாம் முதலில் செய்வது அதை உள்ளங்கையில் இரண்டு தட்டுத் தட்டுவதுதான். பெரும்பாலும் எரிந்தும் விடுகிறது. நம் நாட்டில் படித்தவர், படிக்காதவர் என்ற வேறுபாடின்றி எல்லோருக்கும் கைவந்த பழுதுநீக்கும் கலை இது ஒன்றாகத்தான் இருக்கும். ஆனால் இந்தக் கலைக்கு இடமில்லாத இடங்களும் உண்டு. புணே நகரை ஒட்டிய கட்கியில் அத்தகைய இடமும், பழுதுநீக்குவதையே தொழிலாகக் கொண்ட இடமும் அருகருகே இருக்கின்றன. ஆகவே கைவிளக்கின் வரலாற்றை அங்கிருந்து சொல்லத் தொடங்குகிறேன்.

ஆங்கில ஆவணங்களில் கட்கியின் பெயர் கிர்க்கி. 1817 நவம்பர் 5 அன்று பேஷ்வா இரண்டாம் பாஜிராவின் படையும் கிழக்கிந்தியக் கம்பெனியின் படையும் இங்கே மோதின. அந்தப் போருக்குப் பின் கட்கி ஒரு பாசறை நகரமாக வளர்ந்தது. 1869இல் இங்கே தோட்டாக்கள் செய்யும் வெடிபொருள் தொழிற்சாலை நிறுவப்பட்டது. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில், 1940இல், உயர்வெடிபொருள் தொழிற்சாலை அதனுடன் சேர்ந்தது. பம்பாய் சாப்பர்ஸ் எனப்படும் பொறியாளர் படைப்பிரிவின் தலைமையிடமும், 512ஆம் இராணுவத் தளப் பணிமனையும் இவ்வூரில்தான் உள்ளன. கட்கியிலும் புணே கேம்ப்பிலும் தமிழ்க் குடும்பங்கள் பல தலைமுறைகளாக வாழ்ந்து வருகின்றன என்பதையும் இங்கே நினைவில் கொள்ளலாம்.

1869 என்ற ஆண்டைக் கவனியுங்கள். அப்போது உலகில் எங்குமே மின் கைவிளக்கு இல்லை. எண்ணெய் விளக்கு, மெழுகுவத்தி, வாயு விளக்கு ஆகிய மூன்றுமே சுடர்கள். வெடிமருந்து இருக்கும் அறைக்குள் சுடரைக் கொண்டுசெல்ல முடியாது; இருளில் வேலை செய்யவும் முடியாது. இந்தச் சிக்கலுக்குப் போர்க்கப்பல்கள் முன்பே ஒரு தீர்வு கண்டிருந்தன. வெடிமருந்து அறையை ஒட்டி, தனி வழியுள்ள ஒரு சிற்றறையை அமைத்து, விளக்கை அங்கே வைத்தனர். இரண்டுக்கும் நடுவே தடித்த கண்ணாடிச் சாளரம் இருக்கும். ஒளி உள்ளே வரும், தீ வராது. நிலக்கரிச் சுரங்கங்களுக்காக 1815இல் ஹம்ஃப்ரி டேவி உருவாக்கிய விளக்கும் அதே நோக்கம் கொண்டது. சுடரைச் சுற்றி நுண்ணிய கம்பி வலை இருக்கும். வலை வெப்பத்தை உறிஞ்சிப் பரப்பிவிடுவதால், உள்ளே எரியும் தீ வெளியிலுள்ள வாயுவைப் பற்றவைப்பதில்லை. வலையில் ஓர் ஓட்டை விழுந்தால் போதும், அது மீண்டும் வெறும் சுடராகிவிடும். எனவே சுரங்க விளக்குகள் பூட்டப்பட்டே தொழிலாளர் கைக்குத் தரப்பட்டன. திறப்பதும் பழுதுபார்ப்பதும் தரைமேல் இருந்த விளக்கறையில் மட்டுமே நடந்தன. இந்த விதியின் பொருள் பின்னால் இன்னும் தெளிவாகும்.

சுடரில்லாத ஒளி மின்கலத்தோடு வந்தது. 1866இல் ஜார்ஜ் லெக்லான்சே உருவாக்கிய கலம் திரவம் நிறைந்த கண்ணாடிக் குடுவை. அதைச் சாய்த்துத் தூக்கிச் செல்ல இயலாது. 1886இல் கார்ல் காஸ்னர் அந்தத் திரவத்தைப் பசையாக்கித் துத்தநாகக் குவளைக்குள் அடைத்தார். உலர்கலம் பிறந்தது. 1899 ஜனவரியில் டேவிட் மிசெல் என்பவருக்கு அமெரிக்காவில் காப்புரிமை கிடைத்த கைவிளக்கில், ஒரு குழாய்க்குள் கலங்கள் வரிசையாக அமர்ந்திருந்தன. வடிவம் இன்றும் பெரிதாக மாறவில்லை. அந்நாளைய கலங்களால் நெடுநேரம் மின்னோட்டம் தர இயலாது. சற்று எரியவிட்டு, அணைத்து, ஓய்வு கொடுத்துத்தான் பயன்படுத்த வேண்டும். ஃபிளாஷ் லைட் என்ற ஆங்கிலப் பெயர் அந்தக் குறைபாட்டிலிருந்து வந்ததே. தமிழர் அதைப் ‘பேட்டரி லைட்’ என்றனர். கலத்தைக் ‘கட்டை’ என்றனர். இரண்டு கட்டை, மூன்று கட்டை, ஐந்து கட்டை என்று எண்ணிக்கையைக் கொண்டே விளக்கின் தகுதியை அளந்தனர். எவரெடி டார்ச்சுகள் 1958 முதல் லக்னோவில் செய்யப்பட்டன. அதன்பின் அந்த உலோகக் குழாய் ஊர்தோறும் பரவியது. வயலுக்கு நீர் பாய்ச்சப் போனவரும், இரவுக் காவலரும், பிரசவத்துக்கு விரைந்த மருத்துவச்சியும் அதை நம்பினர்.

அது ஏன் தட்டினால் எரிந்தது? இரண்டு கட்டை விளக்கில் மின்னோட்டம் செல்லும் பாதையைப் பாருங்கள். முதல் கலத்தின் மூக்கு பல்பின் அடியைத் தொடுகிறது. அதன் அடிப்புறம் இரண்டாம் கலத்தின் மூக்கைத் தொடுகிறது. இரண்டாம் கலத்தின் அடி, மூடியிலுள்ள சுருள்வில்லைத் தொடுகிறது. வில் மூடியையும், மூடி மரையின் வழியே குழாயையும் தொடுகின்றன. குழாய் சுவிட்சின் பித்தளைத் தகட்டையும், தகடு பல்பின் பக்கத்தையும் தொடுகின்றன. அரையடி நீளக் கருவிக்குள் இத்தனை தொடுமிடங்கள்! ஒன்றில்கூடப் பற்றவைப்பு இல்லை. வில்லின் அழுத்தம் மட்டுமே எல்லாவற்றையும் இணைத்து வைத்திருக்கிறது. 2.5 வோல்ட், 0.3 ஆம்பியர் பல்பு எரியும்போது அதன் மின்தடை ஏறத்தாழ 8 ஓம். துரு படிந்த ஒரு தொடுமிடம் 1 ஓம் தடையைச் சேர்த்தால் பல்புக்குக் கிடைக்கும் மின்னழுத்தம் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு குறையும். இழை பல்பின் ஒளியோ மின்னழுத்தத்தைவிட மிக வேகமாகச் சரியும்; ஏறத்தாழ முப்பது விழுக்காடு மங்கிவிடும். தட்டும்போது அந்தத் துருப்படலம் சற்றே விலகுகிறது, உலோகம் உலோகத்தைத் தொடுகிறது. கட்டை தீர்ந்துவிட்டது என்று நாம் தூக்கியெறிந்த பலவற்றில் உயிர் இருந்திருக்கும்.

ஆகவே பழுதைத் தேடுவதற்கு ஓர் ஒழுங்கு உண்டு. முதலில் கலங்களை வெளியே எடுத்து, மூக்கு முன்னோக்கி இருந்ததா என்று பார்க்க வேண்டும். பின்பு நல்லதென்று தெரிந்த கலத்தையும் பல்பையும் ஒவ்வொன்றாக மாற்றிப் பார்க்க வேண்டும். அதன்பின்னும் எரியாவிட்டால், சுவிட்சை விலக்கி ஒரு கம்பித்துண்டால் பாதையை நேராக இணைத்துப் பார்க்க வேண்டும். எரிந்தால் பழுது சுவிட்சில். எரியாவிட்டால் வில்லையும் மரையையும் உப்புத்தாளால் தேய்த்துத் துடைக்க வேண்டும். பழைய துத்தநாகக் கலத்தின் குவளையே வேதிவினையில் கரையும் பொருளும் என்பதால், அது ஓட்டையாகிக் கசிவது அதன் இயல்பு. அந்தக் கசிவு அமிலத் தன்மையுடையது. சமையல் சோடாக் கரைசல் தொட்ட துணியால் துடைக்கலாம். இன்றைய ஆல்கலைன் கலத்தின் கசிவு காரம். அதற்குச் சிறிது வினிகர் வேண்டும். கட்டையை வெயிலில் காயவைக்கும் நம் வழக்கத்திலும் ஓரளவு உண்மை உண்டு. வெப்பம் வேதிவினையை விரைவுபடுத்துவதால் சிறிது நேரம் ஒளி கூடும். ஆனால் தீர்ந்த துத்தநாகம் திரும்பி வராது.

இதுவரை சொன்னது வீட்டிலும் பாசறையிலும் செல்லும் முறை. இப்போது தொழிற்சாலை மதிலுக்கு உட்புறம் வருவோம்.

1913 அக்டோபர் 14 அன்று வேல்ஸ் நாட்டின் செங்கெனித் சுரங்கத்தில் நிகழ்ந்த வெடிப்பில் 439 சுரங்கத் தொழிலாளர் மாண்டனர். எது பற்றவைத்தது என்று உறுதியாக நிறுவப்படவில்லை. ஆயினும் ஐயத்துக்குள்ளானவற்றுள் ஒன்று, சைகை கொடுக்கப் பயன்பட்ட மின்மணிச் சுற்று. சில கலங்களால் இயங்கிய அந்த எளிய சுற்றில் தொடுமிடம் பிரியும்போது எழும் பொறி போதுமா? போதும் என்று பின்னர் நடந்த ஆய்வுகள் காட்டின. சுரங்க வாயுவைப் பற்றவைக்க 0.3 மில்லிஜூல் அளவு ஆற்றலே போதுமானது. எந்நிலையிலும் பற்றவைக்கும் அளவுக்கு ஆற்றல் வெளிப்படாதபடி சுற்றையே வடிவமைக்கும் நெறி இந்த ஆய்வுகளிலிருந்து வளர்ந்தது.

கைவிளக்கில் பொறியைக் காட்டிலும் பெரிய இடர் பல்பில் இருந்தது. விளக்கு கீழே விழுந்து கண்ணாடி உடைந்தால், வெண்சூட்டில் இருக்கும் இழை ஒரு கணம் வெளிக்காற்றைத் தொடும். எனவே பாதுகாப்புக் கைவிளக்குகள் சிலவற்றில் பல்பின் அடியில் ஒரு வில்லை வைத்தனர். கண்ணாடி உடைந்தவுடன் அந்த வில் பல்பை உந்தித் தள்ளி மின்தொடர்பைத் துண்டித்துவிடும். இத்தகைய விளக்கொன்று மங்கி மங்கி எரிந்தால், நம் வீட்டு அறிவு என்ன சொல்லும்? சிகரெட் பெட்டியின் ஈயத்தாளை மடித்துச் செருகு, தொளதொளப்பான வில்லை இறுக்கு, ஒரு சொட்டு ஈயம் வைத்துப் பற்றவை என்று சொல்லும். அப்படிச் செய்தால் விளக்கு நன்றாகவே எரியும். முன்னைவிட ஒளியாகவும் எரியும். ஆனால் கண்ணாடி உடையும் நாளில் துண்டிக்க வேண்டிய தொடர்பு துண்டிக்கப்படாது. பழுது என்று நாம் எண்ணி நீக்கியது, யாரோ எண்ணிப் பார்த்து வைத்த காவல். வெடிபொருள் புழங்கும் இடங்களில் ஒப்புதல் பெற்ற விளக்கை மட்டுமே கொண்டுசெல்ல வேண்டும், அதையும் உள்ளே திறக்கக் கூடாது என்ற விதி இதனால்தான். பழைய சுரங்க விளக்கறையின் பூட்டும் இதையே சொன்னது.

கட்கியின் இன்னொரு நிறுவனமான தளப் பணிமனை வேறொரு மரபைச் சேர்ந்தது. இந்திய இராணுவத்தின் மின், இயந்திரப் பொறியாளர் படைப்பிரிவு 1943 அக்டோபர் 15ஆம் நாளைத் தன் தொடக்க நாளாகக் கொண்டாடுகிறது. சிறு பழுதைக் களத்துக்கு அருகிலேயே நீக்கு, இயலாததைப் பின்னணிக்கு அனுப்பு, முழுச் சீரமைப்பைத் தளப் பணிமனையில் செய் என்பது அத்துறையின் படிநிலை முறை. எதைத் தன் கையால் சரிசெய்யலாம், எதை மேலே அனுப்ப வேண்டும் என்று முடிவெடுக்க, கருவியின் ஒவ்வோர் உறுப்பும் எதற்காக இருக்கிறது என்பது தெரிந்திருக்க வேண்டும். தொழிற்சாலையின் ‘திறக்காதே’ என்ற விதியும் பணிமனையின் ‘திறந்து பார்’ என்ற பயிற்சியும் முரண்பட்டவையாகத் தோன்றலாம். எனக்கு அவை இரண்டும் ஒரே அறிவின் இரு பயன்களாகவே தெரிகின்றன.

இன்று கடைகளில் கிடைக்கும் மின்னேற்ற எல்இடி விளக்குகள் பலவற்றில் மரையும் இல்லை, மூடியும் இல்லை, ஓடு ஒட்டப்பட்டிருக்கிறது. சென்ற மழைக்காலத்தில் என் விளக்கொன்று அணைந்தது. தட்டினேன், எரியவில்லை. திறக்க முயன்றேன், ஓடு பிளந்தது. உள்ளே ஒரு மின்கம்பி மட்டுமே அறுந்திருந்தது. அந்த ஓடு யாரையும் காப்பதற்காக மூடப்பட்டதாகத் தெரியவில்லை. 2022இல் ஒன்றிய அரசின் நுகர்வோர் துறை பழுதுநீக்கும் உரிமைக்கென ஒரு குழு அமைத்தது. வேளாண் கருவிகள், கைப்பேசிகள், வீட்டுச் சாதனங்கள், வாகனங்கள் என்று நான்கு துறைகளை அது எடுத்துக்கொண்டது. மக்களைக் காக்கப் பூட்டியது எது, மறுபடி வாங்கவைக்க ஒட்டியது எது என்று பிரித்தறிவதே அந்த விவாதத்தின் மையமாக இருக்க வேண்டும் என்பது என் கருத்து.

கட்கித் தொழிற்சாலைகளிலோ பணிமனையிலோ உங்கள் வீட்டுப் பெரியவர்கள் வேலை செய்திருந்தால், அவர்கள் விளக்கைப் பற்றிச் சொன்ன நினைவுகளைக் கருத்துப் பகுதியில் எழுதுங்கள். மறைவானவை வேண்டாம். இரவுப் பணி முடித்து வீடு திரும்பும் வழியில் எத்தனை கட்டை விளக்கு அவர்கள் கையில் இருந்தது என்பது போதும்.